25 ஆண்டு புழங்கிய கல்லூரி பிளாக்: எது தாங்கியது, எது போனது

90களில் கட்டிய மூன்று மாடி ஆர்.சி.சி. (கம்பி வைத்த கான்கிரீட்) வகுப்பறை பிளாக்குகளில் பெரும்பாலும் ஒரே கதைதான். தரைத்தளம் கல்லுக்குண்டு மாதிரி இருக்கும், மேல்மாடிதான் உதிரும். கோளாறு தொடங்கும் இடம் மொட்டை மாடி.

நம்மூர் வழக்கப்படி ஸ்லாப்பின் மேல் சராசரி 75 மி.மீ. கனத்துக்குச் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கான்கிரீட், அதற்கு மேல் தட்டோடு (தட்டையான சுட்ட ஓடு). நல்ல முறைதான். வெயிலைத் தாங்கும், அறையும் சூடாகாது. முதலில் போவது ஓடுகளுக்கு நடுவில் உள்ள சந்துப்பூச்சு. அதில் விரிசல் விட்டால் அடியில் இருக்கும் ஜல்லி பஞ்சு மாதிரி தண்ணீரைக் குடித்துவைத்துக்கொள்ளும். மழை விட்டு மூன்று நாள் வெயிலடித்த பிறகும் கூரை சொட்டினால் காரணம் இதுதான். சொட்டும் இடத்துக்கு நேர் மேலே ஓட்டை இருக்கும் என்று நம்பி உடைக்கக் கூடாது. ஸ்லாப்புக்குள் ஓடும் மின்குழாய் வழியே தண்ணீர் நகர்ந்து, பத்தடி தள்ளி ஃபேன் கொக்கியில் சொட்டும்.

அடுத்தது கம்பி. ஸ்லாப்புக்கு 20 மி.மீ. கவரிங், அதாவது கம்பியை மூடும் கான்கிரீட் கனம், வேண்டும். உதிர்ந்த இடத்தை அளந்து பார்த்தால் பல இடங்களில் 10 கூட இருக்காது. ஈரமும் காற்றும் கம்பியைத் தொட்டதும் துரு பிடிக்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும், அதனால் கான்கிரீட்டைக் கீழே தள்ளிவிடும். சன்ஷேடில் இன்னும் மோசம். அதன் முக்கியக் கம்பி மேல்பக்கம் இருக்க வேண்டும். கான்கிரீட் போடும்போது ஆள் மிதித்துக் கீழே இறங்கியிருந்தால் துரு பிடிக்காமலே தொங்கும். தலைக்கு மேல் சன்ஷேடு விரிசல் விட்டிருந்தால் முதல் வேலை கீழே கயிறு கட்டி நடமாட்டத்தை நிறுத்துவது.

சரிசெய்ய: சுத்தியலால் தட்டிக்கொண்டே போக வேண்டும். 'டொக்' என்று பொள்ளலாகக் கேட்கும் இடம் முழுவதையும், கம்பியின் பின்புறம் விரல் நுழையும் அளவுக்குக் கொத்தி எடுக்கவும். கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்து, துத்தநாக பிரைமர் அடித்து, பாலிமர் சேர்த்த சிமென்ட் கலவையை 10–15 மி.மீ. அடுக்குகளாகப் பூச வேண்டும். கம்பி கால்வாசிக்கு மேல் இளைத்திருந்தால் பூச்சு போதாது, பொறியாளர் பார்த்துப் புதுக் கம்பி சேர்க்க வேண்டும். நடப்பது என்னவோ, கல்லூரிக்குத் தரச்சான்று தரும் நாக் (NAAC) குழு வருகிறது என்றதும் அதே துருவின் மேல் சிமென்ட் பூசி, பட்டி பார்த்து, பெயிண்ட். அடுத்த ஐப்பசியில் பெயிண்டோடு சேர்ந்து விழும்.

செலவே இல்லாத வேலை ஒன்று உண்டு. ஆவணி முடிவதற்குள் மாடியைக் கூட்டி, மழைநீர்க் குழாய் வாயில் அடைத்த வேப்பிலையை அள்ளுவது. இரண்டு ஆள், அரை நாள். ஆனால் மாடிக் கதவுச் சாவி யாரிடம் என்பதே பல இடங்களில் தெரியாது. கைப்பிடிச் சுவரில் முளைத்த அரசங்கன்றைப் பிடுங்கினால் மேல்தண்டுதான் வரும், வேர் சுவருக்குள் தடித்துக்கொண்டே போகும். பூச்சை உடைத்து வேரோடு எடுத்து, உடனே அடைக்க வேண்டும்.

கழிவறைகளைக் கெடுப்பது பெரும்பாலும் ஆசிட். கறை போகிறதென்று வாரந்தோறும் ஊற்றினால் டைல்ஸ் சந்தில் இருக்கும் சிமென்ட் கரைந்து, கீழ்த்தளக் கூரையில் மஞ்சள் ஓதம் படரும். சோப்புத்தூளும் பிரஷ்ஷும் போதும். சந்து ஏற்கெனவே போயிருந்தால் எபாக்ஸி கிரௌட் (சந்தை அடைக்கும் பிசின் கலவை) போடலாம், விலை கூடுதல்தான், ஆசிட்டுக்கு அசையாது. மே விடுமுறை முடிந்து திறந்ததும் நாற்றம் என்று பிளம்பரைக் கூப்பிடுவதற்கு முன், ஒவ்வொரு நஹானி டிராப்பிலும் (தரையில் தண்ணீர் வடியும் வாய்) ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பார்க்கலாம். உள்ளே நாற்றத்தை மறிக்கும் தண்ணீர் வெயிலில் வற்றியிருக்கும், அவ்வளவுதான்.