சைக்கிள் முகப்பு விளக்கு: இரண்டரை ஆண்டு ஓட்டிய பிறகு

போன வாரம் என் சைக்கிள் விளக்கைக் கைப்பிடியோடு சேர்த்துப் பிடித்திருக்கும் க்ளாம்ப் உடைந்தது. சிங்கப்பூரின் உலு பாண்டான் கால்வாயோரப் பாதையில் ஒரு மரவேர் மேடு. அதில் ஏறி இறங்கியதும் ரப்பர் பட்டை அறுந்து, விளக்கு என் முழங்காலில் இடித்துத் தரையில் விழுந்தது. கண்ணாடியில் ஒரு கீறல், வேறு சேதம் இல்லை. எரிந்துகொண்டேதான் கிடந்தது.

அதே வாரம் கூட வேலை செய்யும் தம்பி ஒருவன் வாட்ஸ்அப்பில் கேட்டான்: "அண்ணே, ராத்திரி ரயில் பாதைல ஓட்ட லைட் வாங்கணும். எத்தன லூமன் வாங்கலாம்?" ரயில் நின்றுபோய், இப்போது நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் பயன்படும் பழைய தடத்தைத்தான் ரயில் பாதை என்கிறான். லூமன் என்பது விளக்கின் வெளிச்ச அளவு. அவனுக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத நீண்டுவிட்டது. இதே கேள்வியோடு இன்னும் பலர் இருப்பார்கள் என்பதால் இங்கே பகிர்கிறேன்.

விலை, எடை, பேட்டரி அளவெல்லாம் பெட்டியிலேயே அச்சடித்திருக்கும், அதை விட்டுவிடுகிறேன். நான் வைத்திருப்பது ஜெர்மன் சாலை விதிப்படி செய்த வகை. கார் விளக்கைப் போல மேல்விளிம்பு வெட்டிய வெளிச்சம், அதாவது ஒரு கோட்டுக்கு மேலே வெளிச்சம் போகாது. நூறு வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) சற்று மேல் கொடுத்து வாங்கினேன். இரண்டு பருவமழைகளில் நனைந்தும் உள்ளே ஒரு சொட்டு நீர் போகவில்லை.

இதற்கு முன் என்னிடம் இருந்தது 1,200 லூமன் விளக்கு. டார்ச் மாதிரி வட்டமாக அடிக்கும். வாங்கிய புதிதில் அதைப் பெருமையாகத்தான் நினைத்தேன். மரக்கிளை, எதிர்ப்பக்கக் கட்டடம், தூரத்துப் பாலம் எல்லாம் பளிச்சென்று தெரியும். ஓர் இரவு கிளமெண்டி பக்கம் வரும்போது எதிரே ஒரு பாட்டி, கையைப் பிடித்தபடி பேரன். இருபதடி தூரத்தில் பாட்டி நின்றுவிட்டார். உள்ளங்கையை முகத்துக்கு நேரே தூக்கினார். பையன் தலையைப் பாட்டியின் சேலைக்குள் புதைத்துக்கொண்டான். அருகில் வந்து நான் வேகத்தைக் குறைத்ததும் பாட்டி சொன்னார்: "தம்பி, அந்த லைட்ட கொஞ்சம் கீழ எறக்குப்பா. பாதையே தெரியல."

குரலில் கோபமே இல்லை. அதனால்தான் எனக்கு உறைத்தது. திட்டியிருந்தால் நானும் ஏதாவது சொல்லிவிட்டுப் போயிருப்பேன்.

மறுநாள் சைக்கிளை அதே இடத்தில் ஸ்டாண்டில் நிறுத்தி, விளக்கைப் போட்டுவிட்டு, இருபது தப்படி முன்னே நடந்து திரும்பிப் பார்த்தேன். பிறகு குந்தி உட்கார்ந்து, அந்தப் பையனின் கண் உயரத்தில் பார்த்தேன். வெள்ளையாக ஒரு சுவர்தான் தெரிந்தது. விளக்கை விட்டுக் கண்ணை எடுத்த பிறகும் வெகுநேரம் பச்சையாக ஒரு வட்டம் மிதந்தது. பாதையின் ஓரம் எங்கே, கால்வாய்ச் சரிவு எங்கே என்று பிரித்தறிய முடியவில்லை. சைக்கிள் ஓட்டும் ஒவ்வொருவரும் இதைத் தன் விளக்கை வைத்தே ஒருமுறை செய்து பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஐந்து நிமிட வேலை.

என் அப்பா பட்டுக்கோட்டை–தஞ்சாவூர் வழியில் தனியார் பஸ் ஓட்டியவர். அந்தக் காலத்து பஸ், லாரி விளக்குகளின் மேல்பாதிக்குக் கறுப்புப் பெயிண்ட் அடித்திருப்பார்கள். போலீஸ்காரர்களே வண்டியை நிறுத்திக் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிடுவதும் உண்டு. எதிரே வண்டி வந்தால் அப்பாவின் கை தானாக டிம் சுவிட்சுக்குப் போகும். எதிராளி டிம் அடித்தானா என்று அவர் பார்த்ததே இல்லை. "அவனுக்குக் கண்ணு தெரிஞ்சாத்தான் அவன் நம்ம மேல மோத மாட்டான்" என்பார். அவர் மகன் நான், ஒரு பாட்டியை நடுப்பாதையில் நிற்க வைத்துவிட்டேன். அந்த உறுத்தலில்தான் இந்த விளக்கைத் தேடிப் பிடித்தேன்.

லூமன் என்பது விளக்கிலிருந்து வெளியே வரும் மொத்த வெளிச்சம். அது எங்கே போய் விழுகிறது என்பதை அந்த எண் சொல்லாது. லக்ஸ் என்பது ஓர் இடத்தில் விழும் வெளிச்சம். வட்ட விளக்கில் அதில் பெரும் பங்கு வானத்துக்கும் மரத்துக்கும் எதிரே வருபவரின் முகத்துக்கும் போகிறது. வெட்டு வெளிச்ச விளக்கில் உள்ளே இருக்கும் வளைந்த கண்ணாடி அந்த வெளிச்சத்தையும் மடக்கிப் பாதையில் போடுகிறது. அதனால் லூமன் குறைவாக இருந்தும் எனக்குப் பாதை முன்னைவிட நன்றாகத் தெரிகிறது. ஜெர்மனியில் சைக்கிள் முகப்பு விளக்கு மின்னி மின்னி எரியக் கூடாது என்பது விதி, ஆகவே இதில் மின்னும் முறையே கிடையாது. எனக்கு அது பெரிய நிம்மதி. இருட்டில் மின்னிக்கொண்டு வரும் விளக்கு எவ்வளவு தூரத்தில், எவ்வளவு வேகத்தில் வருகிறது என்று நடப்பவரால் கணிக்க முடிவதில்லை.

நான் எதிர்பாராத சந்தோஷம் ஒன்று உண்டு. இந்த விளக்கு வந்த பிறகு எதிரே வருபவர்களின் முகம் எனக்குத் தெரிகிறது. முன்பெல்லாம் எல்லாரும் கையைத் தூக்கியபடியோ தலையைத் திருப்பியபடியோதான் கடந்து போவார்கள். இப்போது தலையசைக்கிறார்கள், சிலர் "மார்னிங்" சொல்கிறார்கள். போன வருடம் ஒரு விடியற்காலை கால்வாயிலிருந்து நீர்நாய்க் குடும்பம் ஒன்று மேலேறிப் பாதையைக் கடந்தது. பெரியவை நாலு, குட்டிகள் மூன்று. நான் நின்றுவிட்டேன். வெளிச்சம் அவற்றின் கால்களில் மட்டும் விழுந்தது. கண் கூசியிருந்தால் அப்படி நிதானமாக ஒன்றன்பின் ஒன்றாகப் போயிருக்குமா என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன். மழை விட்ட இரவில் ஈசல்கூட முன்பு போல என் முகத்தில் மோதுவதில்லை, கீழே பாதையில்தான் சுற்றுகிறது.

இனி க்ளாம்ப்.

இவ்வளவு யோசித்துக் கண்ணாடி செய்தவர்கள், விளக்கைப் பிடிக்க ஒரு ரப்பர் பட்டையைக் கொடுத்திருக்கிறார்கள். நம் ஊர் வெக்கையிலும் வியர்வையிலும் அது ஒரு வருடத்தில் நெகிழ்ந்துவிட்டது. ஒவ்வொரு மேட்டிலும் விளக்கு கொஞ்சம் கொஞ்சமாகத் தலை குனியும். பத்து நிமிடத்தில் வெளிச்சம் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும். ஓட்டிக்கொண்டே கையால் மேலே தள்ளுவேன். இருட்டில் கைக்கணக்குத்தானே, சற்று அதிகமாகவே போய்விடும். வெட்டுக் கோடு அடிவானத்துக்கு மேலே ஏறிவிட்டால் இந்த விளக்கு பழைய விளக்கைவிடக் கொடுமை. அதன் வெளிச்சம் முழுவதும் அந்தக் கோட்டுக்குச் சற்றுக் கீழேதான் குவிந்திருக்கிறது, அந்தக் குவியல் நேராக முகத்தில் அடிக்கும். ஒருநாள் அப்படித் தள்ளிய கையோடு எதிரே தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துத் தள்ளி வந்த பெண் ஒருவர் "ஆ" என்று நின்றுவிட்டார். மன்னிப்புக் கேட்டேன். கேட்டுவிட்டுப் போகிற வழியெல்லாம் அந்த க்ளாம்பைச் செய்தவர்கள் மீது எரிச்சல் எரிச்சலாக வந்தது.

நிறுவனத்துக்கு மின்னஞ்சல் எழுதினேன். க்ளாம்ப் தனியாகக் கிடைக்காது, முழு விளக்காகத்தான் வாங்க வேண்டும் என்று பதில் வந்தது. பழுதே இல்லாத ஒரு விளக்கை, பட்டைக்காகத் தூக்கிப் போடச் சொல்கிறார்கள். கடைசியில் பேட்டையில் இருக்கும் சைக்கிள் கடைக்கார அங்கிள்தான் வேறு விளக்கின் அலுமினியப் பிடியை அரத்தால் ராவி, இரண்டு ஸ்க்ரூ வைத்து இறுக்கிக் கொடுத்தார். இருபத்தெட்டு வெள்ளி. இதுவரை அசையவில்லை.

விளக்கு மட்டும் நல்லதாக இருந்தால் போதாது என்பதால் ஓட்டும் முறை பற்றியும் கொஞ்சம். சிங்கப்பூரில் இரவு 7 மணி முதல் காலை 7 மணி வரை முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் கட்டாயம். பூங்கா இணைப்புப் பாதையில் வேக வரம்பு மணிக்கு 25 கிலோமீட்டர். நடைபாதையில் 10, 2019 பிப்ரவரிக்கு முன் அது 15. பலர் அந்த 25-ஐ எட்ட வேண்டிய இலக்கு மாதிரி எடுத்துக்கொள்கிறார்கள். 25 என்றால் ஒரு விநாடிக்கு ஏறக்குறைய ஏழு மீட்டர். உங்கள் வெளிச்சம் பத்து மீட்டர்தான் காட்டுகிறது என்றால், எதிரே இருப்பதைப் பார்த்து, யோசித்து, பிரேக் பிடிக்க ஒன்றரை விநாடிகூட இல்லை. விளக்கை இறக்கிவிட்டால் தூரம் தெரியவில்லையே என்பவர்களுக்கு என் பதில் இதுதான்: வேகத்தைக் குறையுங்கள். நான் இருட்டில் பதினைந்துக்கு மேல் போவதில்லை.

பக்கத்திலேயே நடைபாதை இருக்கும் சைக்கிள் பாதையில் 2025 ஜூலை முதல் நடப்பவர்கள் நடக்கக் கூடாது. நல்ல விதிதான். ஆனால் அதை வைத்துக்கொண்டு எல்லாப் பாதையும் நமக்கே என்று ஓட்டுபவர்களைப் பார்க்கிறேன். கால்வாயோரப் பாதைகளும் பழைய ரயில் பாதையும் இன்றும் எல்லாருக்கும் பொதுதான். அங்கே நடப்பவருக்குத்தான் முதல் உரிமை. மணியைத் தூரத்திலேயே ஒருமுறை மெதுவாக அடித்தால் போதும், முதுகுக்குப் பின்னால் வந்து அடித்தால் திடுக்கிட்டு எந்தப் பக்கம் திரும்புவார்கள் என்று சொல்ல முடியாது. எதிரே ஆள் தெரிந்ததும் விளக்கைக் குறைந்த வெளிச்சத்துக்கு மாற்றுங்கள். நின்று யாருடனாவது பேசும்போது கைப்பிடியை ஓரமாகத் திருப்புங்கள். பின்விளக்கையும் மறக்க வேண்டாம். பகல் சாலைக்கென்று செய்த சிவப்பு மின்னல் விளக்கை இரவுப் பாதையில் போட்டுக்கொண்டு போகிறவரின் பின்னால் இரண்டு கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள், தலைவலியே வந்துவிடும். நிலையாக எரியும் மங்கல் சிவப்பே போதும்.

நடப்பவர்கள் மீதும் எனக்குக் குறை உண்டு. கறுப்புச் சட்டை, காதில் இயர்போன், இழுக்க இழுக்க நீளும் நாய்க்கயிறு. அந்தக் கயிறு எந்த விளக்கிலும் தெரியாது. ஆனாலும் மோதினால் அடிபடப்போவது பெரும்பாலும் அவர்கள்தான், ஆகவே கூடுதல் கவனம் நம்மிடம்தான் இருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

தம்பிக்கு வருகிறேன். தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ் வரை 24 கிலோமீட்டர், 2011-இல் ரயில் நின்றுபோன அந்தப் பாதையில் பெரும்பகுதிக்கு விளக்குக் கம்பமே கிடையாது. காட்டு உயிர்களுக்காக இருட்டாகவே விட்டிருக்கிறார்கள். அங்கே நல்ல விளக்கு வேண்டும் என்பது உண்மை. அவனிடம் ஏற்கெனவே 800 லூமன் வட்ட விளக்கு ஒன்று இருக்கிறது. சனிக்கிழமை இரவு அதை என் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்துக்குக் கொண்டுவரச் சொன்னேன்.

சுவரிலிருந்து ஐந்து மீட்டர் தள்ளி இரண்டு சைக்கிளையும் நிறுத்தினோம். விளக்கு இருக்கும் உயரத்தை அளந்து, சுவரில் அதே உயரத்தில் ஒரு துண்டு காகித டேப் ஒட்டினோம். என் விளக்கின் வெட்டுக் கோடு அந்த டேப்புக்கு ஒரு சாண் கீழே நிற்கும்படி வைத்தேன். அவன் விளக்குக்கு அப்பாவின் நினைவில் மேல்பாதியில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டிப் பார்த்தேன். பயனில்லை. வெளிச்சம் மங்கியதே தவிரக் கோடு விழவில்லை. அந்த வகை லென்ஸில் கீழ்ப்பாதியே வட்டம் முழுவதையும் அடித்துவிடுகிறது. டேப்பை உரித்துவிட்டு, விளக்கைக் கீழே சாய்த்தோம். வட்டத்தின் நடு மையம் சுவரில் விளக்கு உயரத்தில் பாதிக்கு வந்தது. அப்படி வைத்தால் தரையில் பத்து மீட்டர் தூரத்தில் போய் விழும். வெளிச்சத்தை நடு நிலைக்குக் குறைத்தோம். நான் முன்னே போய்க் குந்தி உட்கார்ந்து பார்த்தேன். ஓரளவு கூசியது, ஆனால் தரை தெரிந்தது, அவன் முகமும் தெரிந்தது.

"அப்ப ஒங்க லைட்டு வாங்க வேணாமாண்ணே?"

இரண்டரை வருடத்தில் நான் பயன்படுத்திய எல்லா விளக்குகளிலும் இதுதான் சிறந்தது. என் சைக்கிளிலிருந்து இதைக் கழற்றப் போவதில்லை. ஆனாலும் இன்றைக்குக் கேட்டால் வாங்காதே என்றுதான் சொல்வேன், அவனிடமும் அதைத்தான் சொன்னேன். எதிரே வருபவரின் கண்ணைக் காக்கத் தெரிந்தவர்கள், பத்து வெள்ளி பெறாத ஒரு பட்டையைத் தனியாக விற்க மாட்டோம் என்கிறார்கள். அவர்களுக்கு இன்னொரு நூறு வெள்ளி போக எனக்கு மனம் வரவில்லை. இருக்கிற விளக்கை இறக்கி வைத்து, மெதுவாக ஓட்டு, க்ளாம்ப் மட்டும் அங்கிள் கடையில் அலுமினியத்தில் போட்டுக்கொள் என்றேன்.

ஞாயிறு விடியற்காலை ஐந்தரைக்குப் புக்கிட் தீமா பழைய ரயில் நிலையத்திலிருந்து வடக்கே இருவரும் ஓட்டினோம். எதிரே ஒரு வயதான தம்பதி கைகோத்து நடந்து வந்தார்கள். நான் சொல்லாமலேயே தம்பியின் கை பொத்தானுக்குப் போனது.