மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போது புதிய கிளெய்ம்: விஏ இணையச் சேவை பற்றிய மதிப்புரை

அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் விவகாரத் துறையை நாங்கள் சுருக்கமாக விஏ என்போம். அத்துறையின் இணையதளத்தில் உடல் இயலாமை இழப்பீட்டுக்கு விண்ணப்பிக்கும் சேவையை, என் பழைய மேல்முறையீடு ஒன்று முடியாமல் இருந்த காலத்தில் பயன்படுத்தினேன். தமிழ் உள்ளிட்ட சில மொழிகளை அறிந்தவர்களை, குடியுரிமை இல்லாவிட்டாலும் படையில் சேர்த்துக்கொண்ட மாவ்னி திட்டத்தின் வழியே ராணுவத்தில் சேர்ந்தவன் நான். அதே வழியில் வந்து இப்போது பணி முடித்திருக்கும் நம்மவர்களும் அவர்கள் குடும்பத்தாரும் என்னிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: முதல் கிளெய்மின் மேல்முறையீடு முடியும்வரை அடுத்த நோய்க்கு விண்ணப்பிக்காமல் காத்திருக்க வேண்டுமா? வேண்டாம். நான் காத்திருந்து இழந்தவன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

இயலாமை எவ்வளவு என்பதை விஏ விழுக்காட்டில் மதிப்பிடும், தொகையும் அதைப் பொறுத்தது. என் வலது முழங்காலுக்கு 20 விழுக்காடு மதிப்பீடு கிடைத்தது. அது போதாது என்று முன்னாள் படைவீரர் மேல்முறையீட்டு வாரியத்தில், நேரடி விசாரணை கோரும் பாதையில் முறையிட்டேன். வாரியத்துக்குள் உள்ள மூன்று வரிசைகளில் அதுதான் நீண்டது. அதற்கிடையில், ஒரு காலை இழுத்து இழுத்து நடந்ததில் கீழ்முதுகும் கெட்டுப்போனது. அப்போது கட்டணம் வாங்கி ஆலோசனை தரும் ஒரு தனியார் நிறுவனத்தை நாடினேன். புதிய கிளெய்ம் போட்டால் மேல்முறையீடு குழம்பிவிடும், தீர்ப்பு வரட்டும் என்று அவர்கள் சொன்னதை நம்பிப் பதினான்கு மாதங்கள் சும்மா இருந்தேன். அவர்கள் விஏ அங்கீகாரம் பெற்றவர்கள் அல்ல என்பதும், முதல் கிளெய்மைத் தயாரித்துக் கொடுப்பதற்குக் கட்டணம் வாங்கச் சட்டம் அனுமதிப்பதில்லை என்பதும் பின்னர்தான் எனக்குத் தெரிந்தன. அங்கீகாரம் பெற்ற பிரதிநிதிகளைத் தேடிப் பார்க்கும் வசதி விஏ தளத்திலேயே இருக்கிறது. முன்னாள் படைவீரர் சங்கங்களின் பிரதிநிதிகள் இந்த உதவியைக் கட்டணமின்றியே செய்கிறார்கள்.

அந்தப் பழைய அறிவுரை எங்கிருந்து வந்திருக்கும் என்பதை ஓரளவு ஊகிக்க முடிகிறது. காகிதக் கோப்புகளின் காலத்தில் மேல்முறையீடு வாஷிங்டனில் உள்ள வாரியத்துக்குப் போனால் கோப்பும் கூடவே போய்விடும். புதிய கிளெய்மைப் பரிசீலிக்க வேண்டிய மண்டல அலுவலகத்தில் அது இருக்காது. இன்று கோப்புகள் மின்னணு வடிவில் இருக்கின்றன. 2017-இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரி 19 முதல் நடைமுறைக்கு வந்த மேல்முறையீட்டுச் சீர்திருத்தச் சட்டம் மூன்று பாதைகளைத் தந்திருக்கிறது: புதிய சான்றுடன் துணைக் கிளெய்ம், புதிய சான்று இல்லாமல் உயர்நிலை மறுஆய்வு, வாரியத்தில் மேல்முறையீடு. ஒரே பிரச்சினையை ஒரே சமயத்தில் இரண்டு பாதைகளில் நடத்தக் கூடாது என்பதே தடை. இன்னொரு நோய்க்கான புதிய கிளெய்மை அந்தத் தடை தொடுவதே இல்லை.

கவுன்டி அலுவலகத்தில் முன்னாள் படைவீரர்களுக்கு உதவும் அலுவலர் ஒருவர் இதை எனக்கு விளக்கிவிட்டு, அன்றைக்கே இணையத்தில் படிவத்தைத் தொடங்கச் சொன்னார். இந்தச் சேவையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான். இழப்பீட்டுக்கு விண்ணப்பிக்கும் 526 படிவத்தைத் தொடங்கிச் சேமித்தாலே, கிளெய்ம் செய்யும் எண்ணம் உண்டு என்ற அறிவிப்பு அந்தத் தேதியோடு தானாகப் பதிவாகிவிடுகிறது. ஓராண்டுக்குள் படிவத்தை முழுமையாக அனுப்பினால், கிளெய்ம் ஏற்கப்படும்போது அந்தத் தொடக்கத் தேதியிலிருந்தே உரிமை கணக்கிடப்படும். பணம் அதற்கு அடுத்த மாதத்தின் முதல் தேதியிலிருந்து சேரும். மருத்துவச் சான்றுகளை அவசரப்படாமல் திரட்ட இது இடம் தருகிறது. ஆனால் ஓர் அறிவிப்பின் பாதுகாப்பு, அதன்பின் அனுப்பும் முதல் முழுக் கிளெய்முக்கு மட்டுமே பொருந்தும். முதுகை மட்டும் முதலில் அனுப்பிவிட்டுக் காது இரைச்சலைப் பிறகு சேர்க்கலாம் என்று எண்ணியிருந்தேன். அப்படிச் செய்திருந்தால் இரண்டாவதற்குப் பழைய தேதி கிடைத்திருக்காது. இரண்டையும் ஒரே படிவத்தில் சேர்த்து அனுப்ப வைத்தவர் அந்த அலுவலர்தான்.

படிவம் ஒவ்வொரு புதிய நோய்க்கும் அதன் காரணத்தைக் கேட்கிறது. பணியின்போது நேர்ந்ததா, ஏற்கெனவே பணியுடன் தொடர்புடையதாக ஏற்கப்பட்ட வேறொரு குறைபாட்டால் வந்ததா என்பது போன்ற தெரிவுகள் தெளிவாக இருக்கின்றன. முதுகுக்கு இரண்டாவதைத் தேர்ந்தெடுத்து, முழங்காலின் நொண்டலே அதற்குக் காரணம் என்று மருத்துவர் எழுதிய கருத்தை இணைத்தேன். ஏறக்குறைய ஐந்து மாதங்களில் முதுகுக்கு 20 விழுக்காடும் காது இரைச்சலுக்கு 10 விழுக்காடும் கிடைத்தன.

இந்தச் சேவையில் நான் காணும் பெரிய குறையும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. படிவம் நோயையும் காரணத்தையும் கேட்கிறதே தவிர, நிலுவையில் உள்ள மேல்முறையீடு எத்தகையது என்பதைப் பார்த்து வழிகாட்டுவதில்லை. என் மேல்முறையீடு விழுக்காட்டைப் பற்றியது மட்டுமே. முழங்கால் பணியுடன் தொடர்புடையது என்பதை விஏ முன்பே ஏற்றுக்கொண்டிருந்தது. அதனால் முதுகுக் கிளெய்முக்கு ஓர் அடித்தளம் இருந்தது. முழங்கால் கிளெய்மே நிராகரிக்கப்பட்டு, அந்தத் தொடர்பைத்தான் ஒருவர் மேல்முறையீட்டில் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்றால், அதைச் சார்ந்த முதுகுக் கிளெய்ம் அடித்தளம் இல்லாத காரணத்தாலேயே நிராகரிக்கப்படக்கூடும். அப்போதும் விண்ணப்பிக்கலாம், ஆனால் அந்த நிராகரிப்பு முடிவின் தேதியிலிருந்து ஓராண்டுக்குள் மூன்று பாதைகளில் ஒன்றைப் பிடித்து அதையும் உயிரோடு வைத்திருக்க வேண்டும். தவறவிட்டால் பழைய தேதி போய்விடும். இத்தகைய நிலையில் இருப்பவர்கள் படிவத்தைத் தனியாக நிரப்பாமல், அங்கீகாரம் பெற்ற பிரதிநிதியோடு உட்கார்ந்து நிரப்புவது நல்லது.

பதினான்கு மாதத் தாமதத்தில் நான் இழந்தது 20 விழுக்காட்டுத் தொகைக்கும் 40 விழுக்காட்டுத் தொகைக்கும் இடையிலான வேறுபாடு மட்டுமல்ல. ஒட்டுமொத்த மதிப்பீடு 30 விழுக்காட்டை எட்டினால்தான் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் கூடுதல் தொகை சேரும். என் வீட்டில் மூன்று பேருக்குச் சேரவேண்டிய அந்தப் பணத்தை இனி முதுகுக் கிளெய்மின் வழியே மீட்க முடியாது.

காது இரைச்சலுக்கு விண்ணப்பித்ததில் என்ன பயன் என்று என் மனைவி கேட்டாள். விஏ விழுக்காடுகளை நேராகக் கூட்டுவதில்லை. ஒன்று போக எஞ்சியதில் மற்றதைக் கணக்கிடுகிறது. 20-உம் 20-உம் சேர்ந்து 36. அதோடு 10 சேர்ந்தால் 42. 36 ஆனாலும் 42 ஆனாலும் அருகிலுள்ள பத்துக்கு முழுமையாக்கும்போது 40தான். ஆகவே இன்று அந்தப் பத்து விழுக்காட்டால் ஒரு டாலரும் கூடவில்லை. ஆனால் வாரியம் முழங்காலை 30 ஆக உயர்த்தினால், முதுகோடு சேர்ந்து 44 ஆகி, காது இரைச்சல் இல்லாவிட்டால் 40-இலேயே நின்றுவிடும். அது இருப்பதால் 50 ஆகும். என் விசாரணைக்கு இன்னும் நாள் குறிக்கப்படவில்லை.