கேர்ள் அப் பள்ளிக் கிளப்: சேரும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

பிளஸ் டூ வரை படிக்கும் பிள்ளைகளுக்கு ‘லீடர்ஷிப் புரோகிராம்’ என்று விற்கப்படுபவற்றில் பெரும்பாலானவை மூன்று நாள் வகுப்பு, ஒரு டி-ஷர்ட், ஒரு சான்றிதழ் என்ற அளவில் முடிந்துவிடும். பெண் பிள்ளைகளின் உரிமைகளுக்காகப் பல நாடுகளில் மாணவிகள் நடத்தும் கிளப்புகளின் அமைப்பான கேர்ள் அப் அந்த ரகம் இல்லை. கிளப் தொடங்கக் கட்டணம் கிடையாது. ஆனால் உழைப்பு நிறைய கேட்கும். பெண்ணியம் என்ற சொல்லைக் கூச்சப்படாமல் சொல்கிற, பள்ளி மாணவிகளே நடத்துகிற அமைப்பு வேண்டும் என்றால் இதில் தாராளமாகச் சேரலாம். கல்லூரி விண்ணப்பத்தில் ஒரு வரி சேர்ப்பதற்காக மட்டும் என்றால் வேண்டாம்; அந்த ஒரு வரிக்கு இவ்வளவு வேலை தேவையில்லை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். இதை 2010-இல் தொடங்கியது ஐக்கிய நாடுகள் அறக்கட்டளை. அது ஐ.நா. சபை அல்ல; ஐ.நா.வின் பணிகளுக்குத் துணைநிற்பதற்காக சி.என்.என். தொலைக்காட்சியைத் தொடங்கிய டெட் டர்னர் கொடுத்த நன்கொடையில் 1998-இல் உருவான, வாஷிங்டனில் இயங்கும் தனி அமைப்பு. ஆகவே கிளப் உறுப்பினர் ‘ஐ.நா. இளைஞர் பிரதிநிதி’ ஆகிவிடுவதில்லை. போஸ்டரில் ஐ.நா. சின்னத்தைப் போடவும் கூடாது, அதற்குத் தனி அனுமதி வேண்டும். புதுக் கிளப்புகள் செய்கிற முதல் தவறே பெரும்பாலும் இதுதான்.

உள்ளே இருப்பவை நான்கு. பள்ளியிலோ ஊரிலோ நடத்தும் கிளப்; அமைப்புக்கு ஆலோசனை சொல்ல ஆண்டுதோறும் சிலரை மட்டும் தேர்ந்தெடுக்கும் டீன் அட்வைசர் பொறுப்பு; தலைமைத்துவ மாநாடு; அறிவியல்–தொழில்நுட்ப முகாம்கள் (முதல் முகாம் 2015-இல் ருவாண்டாவில் நடந்தது). கடைசி மூன்றும் போட்டி, பயணம், ஆங்கிலம் என்று வடிகட்டிக்கொண்டே போகும். எல்லாருக்கும் எட்டுவது கிளப்தான், இருப்பதிலேயே உருப்படியானதும் அதுவே.

ஏன் என்பதற்குப் பிரேசிலைப் பார்த்தால் போதும். மாதவிடாய்க் காலத்தில் நாப்கின் வாங்க முடியாமல் மாணவிகள் பள்ளிக்கு வராமலிருப்பதை அங்கிருந்த கிளப் மாணவிகள் கையிலெடுத்தார்கள். நாப்கின் சேகரித்துக் கொடுப்பதோடு நிற்காமல் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்களிடம் போனார்கள். 2020-இல் ரியோ டி ஜெனீரோ மாநிலத்தின் அத்தியாவசியப் பொருள் பட்டியலில் நாப்கின் சேர்ந்தது. 2021 அக்டோபரில் ஏழை மாணவிகள், வீடற்ற பெண்கள், சிறையிலுள்ள பெண்கள் ஆகியோருக்காக நாடு தழுவிய சட்டம் வந்தபோது, இலவச விநியோகம் பற்றிய பிரிவுகளை அதிபர் போல்சொனாரோ ரத்து செய்தார். எதிர்ப்பு ஓயவில்லை. 2022 மார்ச்சில் நாடாளுமன்றம் அந்த ரத்தைத் தள்ளுபடி செய்து பிரிவுகளை மீட்டது. அமெரிக்காவிலும், வளரும் நாடுகளில் பிறப்புப் பதிவே இல்லாத பெண் குழந்தைகளைக் கணக்கில் கொண்டுவருவதற்கான சட்டத்துக்காகக் கிளப் மாணவிகள் பல ஆண்டுகள் நாடாளுமன்ற உறுப்பினர்களின் அலுவலகப் படியேறினார்கள். 2015 ஜூனில் அது சட்டமானது. பதினாறு வயதில் ஒரு மசோதாவின் பெயரைச் சொல்லி, அதிலுள்ள பிரிவைச் சொல்லி, “இதற்கு நீங்கள் ஆதரவா?” என்று கேட்கக் கற்றுக்கொள்வதை எந்த மூன்று நாள் வகுப்பும் தராது.

தொடங்கும் முறைக்கு வருவோம். 13 வயது நிரம்பியிருக்க வேண்டும். ஆண் பிள்ளைகளும் சேரலாம். இணையத்தில் படிவம் நிரப்பிப் பதிவு செய்வது அரை மணி நேர வேலை. அதற்கு முன் செய்ய வேண்டியதுதான் முக்கியம். தலைமையாசிரியரிடம் ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள்: எத்தனை பேர், மாதம் எத்தனை கூட்டம், எந்த வகுப்பறை, எத்தனை மணிக்கு முடியும், பொறுப்பாசிரியர் யார். ‘பெண்ணியக் கிளப்’ என்று மட்டும் எழுதினால் தயங்குவார். ‘கழிப்பறை, வருகைப்பதிவு, பாதுகாப்பு ஆகியவற்றில் மாணவிகளின் கருத்தைத் தொகுத்துப் பள்ளி மேலாண்மைக் குழுவுக்குத் தரும் கிளப்’ என்று சேர்த்து எழுதினால் படித்துப் பார்ப்பார். பொறுப்பாசிரியர் கேட்டதும் ஒப்புக்கொள்கிறவராக இருந்தால் மட்டும் போதாது, மாதம் இரண்டு மாலை உட்காரக்கூடியவராகவும் இருக்க வேண்டும்.

பதவிகளைக் குறையுங்கள். தலைவர், செயலாளர், பொருளாளர் மூன்றும் போதும். பத்துப் பேர் கிளப்பில் எட்டுப் பதவி வைத்தால் கூட்டம் முழுக்க யார் எந்தப் போஸ்டரைப் போடுவது என்பதிலேயே கரையும். 40 நிமிடக் கூட்டத்தில் 10 நிமிடம் போன கூட்டத்தின் கணக்கு, 20 நிமிடம் ஒரே ஒரு வேலை, மீதி அடுத்து யார் என்ன செய்வது என்று பெயரோடும் தேதியோடும் எழுதுவது. தேதி எழுதாத தீர்மானம் நடக்காது.

எல்லாக் கிளப்பும் முதலில் தொடுவது நாப்கின் பெட்டி. பாதிக்கு மேல் படுப்பதும் அதில்தான். காரணம் கணக்கு போடாததுதான். 200 மாணவிகள் உள்ள பள்ளியில் ஒருவருக்கு மாதம் ஒரு அவசர நாப்கின் என்று வைத்தாலே 200; ஒன்று 5 ரூபாய் என்றால் மாதம் 1,000, பத்து மாதத்துக்கு 10,000 ரூபாய். ஒரு நாள் வசூலில் 3,000 சேர்த்துவிட்டு, படம் எடுத்துப் போட்டு, மூன்றாம் மாதம் பெட்டி காலியாவதுதான் வழக்கம். அடுத்த தவறு, பெட்டி இருக்கும் இடம். ஆசிரியர் அறையில் பூட்டி வைத்துச் சாவியைக் கேட்கச் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். கழிப்பறைக்கு உள்ளே, கை எட்டும் உயரத்தில், பூட்டில்லாமல் இருக்க வேண்டும். பக்கத்திலேயே கிழித்து வைத்த செய்தித்தாள், மூடியுள்ள குப்பைத்தொட்டி, அதைத் தினமும் யார் காலி செய்வது என்ற ஏற்பாடு. தூய்மைப் பணியாளரான அக்காவிடம் கேட்காமல் தொட்டி வைப்பது அவர் தலையில் இன்னொரு வேலையைக் கட்டுவது. பெண்ணியம் பேசும் கிளப் அதைச் செய்யவே கூடாது.

தமிழ்நாட்டில் இன்னொரு கேள்வியும் உண்டு. அரசின் புதுயுகம் திட்டத்தில் வளரிளம் பெண்களுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, 6 நாப்கின் கொண்ட பாக்கெட் மூன்று தர வேண்டும். அதாவது மாதத்துக்கு 9. ஐந்து நாள், நாளைக்கு மூன்று என்றால் தேவை 15. ஆக, கிளப் கேட்க வேண்டியவை இரண்டு: அந்த 9 வருகிறதா, மீதி 6-க்கு என்ன வழி? வருகிறதா என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம், 30 நாளில் பதில் தர வேண்டும். பதில் வந்தபின் பள்ளி மேலாண்மைக் குழுவில் வைக்கலாம். கல்வி உரிமைச் சட்டப்படி அதில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். அங்கே நகராவிட்டால் கிராம சபை இருக்கிறது, ஆண்டுக்கு ஆறு முறை. மாணவிக்கு ஓட்டு இல்லை. அவள் அம்மாவுக்கு உண்டு. மகள் எழுதிய தீர்மானத்தை அம்மா எழுந்து படிப்பதைவிட நல்ல தலைமைப் பயிற்சி இருக்கிறதா?

பணத்தில் கவனம் தேவை. வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவு இல்லாத அமைப்பு இந்தியாவில் வெளிநாட்டு நன்கொடை வாங்க முடியாது. எனவே அமெரிக்கக் கிளப் ‘உங்களுக்கு நிதி திரட்டி அனுப்புகிறோம்’ என்றால், மாணவியின் அப்பா வங்கிக் கணக்கைக் கொடுத்துவிடாதீர்கள். உள்ளூரில் திரட்டுங்கள், பெற்றோர் ஆசிரியர் கழக ரசீதில் வாங்குங்கள், மாதக் கணக்கை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள்.

இதைவிடக் கவனமாக இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. நம்பிக்கையாகப் பேசும் அறை ஒன்று உருவானால், ஏதோ ஒரு நாள் ஒரு மாணவி தனக்கு நேர்ந்த பாலியல் வன்முறையைச் சொல்வாள். அன்று கிளப் விசாரணை நடத்தக் கூடாது, வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரிகூட எழுதக் கூடாது, ‘யாரிடமும் சொல்ல மாட்டோம்’ என்று வாக்கும் கொடுக்கக் கூடாது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டப்படி தெரிந்தவர் புகார் தெரிவிப்பது கட்டாயம். பொறுப்பாசிரியருக்கு இது முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும். குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐச் சுவரில் எழுதி வையுங்கள். அந்தப் பிள்ளையிடம் சொல்ல வேண்டியது, “நீ சொன்னது நல்லது, உன்மேல் தப்பில்லை, நாம் டீச்சரிடம் சேர்ந்து போகலாம்.”

குறைகள் உண்டு. பயிற்சிப் பொருள்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில், அமெரிக்கப் பள்ளியை மனதில் வைத்து எழுதியவை. தமிழ்வழி மாணவிக்கு யாராவது உட்கார்ந்து தமிழாக்கித் தர வேண்டும். வாஷிங்டன் நேரம் மாலை 7 மணிக் கூட்டம் நமக்குக் கோடையில் அதிகாலை 4:30, குளிர்காலத்தில் 5:30. அதைவிடப் பெரிய குறை பழைய பழக்கம் ஒன்று. ஆரம்ப ஆண்டுகளில் பணக்கார நாட்டு மாணவிகள் ஏழை நாட்டு மாணவிகளுக்கு நிதி திரட்டுவது முன்னால் நின்றது. ஆப்பிரிக்க நாடான மலாவியின் மாணவிகளுக்குச் சைக்கிள் வாங்கித் தந்தது நல்ல காரியம்தான். ஆனால் தமிழ்நாட்டில் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சைக்கிள் தருவது அரசுத் திட்டம். நன்கொடையாளரின் மனம் மாறினால் நின்றுவிடும் சைக்கிளுக்கும், வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்கக்கூடிய சைக்கிளுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கிளப் பேசியே ஆக வேண்டும். இப்போது அமைப்பு பாலின நீதி என்று பேசுவது சரியான திசை.

டீன் அட்வைசருக்கு விண்ணப்பிப்பவர்கள் ‘பெண் கல்வியில் ஆர்வம் உண்டு’ என்று எழுதுவதை விட்டு, ‘நான்கு மாதத்தில் மூன்று கழிப்பறைக் கதவுகளுக்குத் தாழ்ப்பாள் போட வைத்தோம், நான்காவதில் முடியவில்லை, காரணம் இது’ என்று எழுதுங்கள். முடியாததையும் எழுதுவது விண்ணப்பத்தைப் பலப்படுத்தும்.

நேரம்: வாரத்துக்கு இரண்டு மணி போதும். ஜூலையில் தொடங்கி, சர்வதேசப் பெண் குழந்தைகள் தினமான அக்டோபர் 11-க்குள் ஒரு வேலையையாவது முடித்துவிடுங்கள். பிளஸ் டூ மாணவி தலைவராக இருந்தால் டிசம்பரிலேயே பொறுப்பை மாற்றிக் கொடுக்க வேண்டும், மார்ச்சில் பொதுத்தேர்வு வந்துவிடும். கணக்கு நோட்டு, கடித நகல்கள், தகவல் உரிமைப் பதில்கள், இணையக் கணக்கின் கடவுச்சொல், எந்த அலுவலகத்தில் எந்தப் பிரிவில் யாரைப் பார்க்க வேண்டும் என்ற குறிப்பு, எல்லாம் ஒரே ஃபைலில் ஒன்பதாம், பதினோராம் வகுப்பு மாணவிகள் கைக்குப் போக வேண்டும். அந்த ஃபைல் இல்லாத கிளப்பில் அடுத்த ஜூலையில் மறுபடியும் நாப்கின் பெட்டியிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள்.