சிஎன்சி என்று பில் போட்டு, கையால் அறுத்துக் கொடுத்த கடை

மரத்தில் சிஎன்சி கட்டிங் (கம்ப்யூட்டர் ஃபைலில் உள்ள அளவுப்படி மெஷினே வெட்டுவது) வேலை கொடுக்கப் போகிறவர்கள், பணத்தை எண்ணிக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு 5,000 ரூபாயும் இரண்டு மாதமும் போய்விட்டது.

நான் அம்பாசமுத்திரத்தில் இருக்கிறேன். பள்ளிக்கூடம் விட்டதும் காசு போட்டு நின்றுகொண்டே விளையாடுவோமே, அந்த வீடியோ கேம் பெட்டி போல ஒன்றை வீட்டில் செய்ய வேண்டும் என்பது பல வருட ஆசை. பெட்டியை நானே அறுத்து நிறுத்திவிட்டேன். உள்ளே ஒரு பழைய கம்ப்யூட்டரும் மானிட்டரும். சிக்கல் கன்ட்ரோல் பேனலில்தான், அதாவது ஜாய்ஸ்டிக்கும் பட்டனும் உட்காரும் பலகையில்.

1991இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 விளையாட ஆளுக்கு ஒரு ஜாய்ஸ்டிக், ஆறு பட்டன் வேண்டும். 1980இன் பேக்மேனுக்கு ஒரே ஒரு ஜாய்ஸ்டிக் போதும். ஆனால் அது நான்கு திசையில் மட்டும் அசைய வேண்டும். எட்டுத் திசைக் குச்சியை வைத்தால் கை கோணலாகப் போய், திருப்பத்தில் திரும்பாமல் மாட்டிக்கொள்ளும். அதே வருடத்து மிஸைல் கமாண்டுக்கோ டிராக்பால், கையால் உருட்டுகிற பந்து, வேண்டும். எல்லாவற்றையும் ஒரே பலகையில் திணித்தால் எதையும் நிம்மதியாக விளையாட முடியாது. அதனால் மூன்று தனித்தனிப் பேனல்கள், மூன்றும் உட்கார ஒரே சட்டம் என்று வரைந்தேன். சட்டத்தின் பின்பக்கம் 10 மி.மீ. ஸ்டீல் பின் இரண்டு. முன்பக்கம் டிரங்க் பெட்டியில் இருப்பது போன்ற கொண்டி இரண்டு. பட்டன் அழுத்துவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்கிற என்கோடர் போர்டைப் பேனலுக்கு அடியிலேயே பொருத்திவிட்டால், யூஎஸ்பி வயரைப் பிடுங்கி, கொண்டியை விடுவித்து, ஒன்றைத் தூக்கிவிட்டு அடுத்ததை வைத்துக்கொள்ளலாம்.

இதற்கு உயிர்நாடியே அந்த ஸ்டீல் பின் இரண்டும் நுழைய ஒவ்வொரு பேனலிலும் போடும் ஓட்டைகள்தான். மூன்று பேனலிலும் இடைவெளி ஒன்றாக இருக்க வேண்டும். மெஷின் ஒரே புள்ளியிலிருந்து அளந்து வெட்டும் என்பதால்தான் சிஎன்சி தேடித் திருநெல்வேலிக்குப் போனேன்.

கடைக்காரர் தன்மையாகத்தான் பேசினார். "மெஷின்ல போட்டுருதேன் அண்ணாச்சி, மயிரிழை பிசகாது" என்றார். 18 மி.மீ. மரைன் பிளைவுட் (தண்ணீரைத் தாங்குகிற ரகம்), மேலே மைக்கா, கட்டிங் எல்லாம் சேர்த்து 7,500. முன்பணம் 5,000 கொடுத்தேன். வரைபடத்தைப் பென் டிரைவில் நீட்டினேன். "அது எதுக்கு, பேப்பர் போதும்" என்று பிரிண்ட்டை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார். அந்த இடத்திலேயே நான் விழித்திருக்க வேண்டும். ஃபைல் இல்லாமல் சிஎன்சி மெஷின் எதை வைத்து வெட்டும்?

பத்து நாள் என்றது ஐந்து வாரம் ஆனது. பேப்பர் சுற்றித் தயாராக வைத்திருந்தார்கள். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று மீதி 2,500ஐக் கொடுத்துவிட்டுப் பிரித்துப் பார்க்காமல் தூக்கி வந்தேன்.

வீட்டில் முதல் பேனல் தட்டித் தட்டி உட்கார்ந்தது. இரண்டாவது உட்காரவே இல்லை. வரைபடத்தில் பின் இடைவெளி 540 மி.மீ. டேப்பை வைத்து அளந்தால் 541, 538, 543.

அப்புறம்தான் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. டிராக்பாலுக்கான சதுரத் திறப்பின் உள்மூலைகள் கத்தி வைத்தது போலக் கூர்மையாக இருந்தன. மெஷினில் சுழல்கிற பிட்டால் (வெட்டும் முனையால்) அப்படி வெட்ட முடியாது, 6 மி.மீ. பிட் என்றால் மூலையில் 3 மி.மீ. ஆரத்துக்கு வளைவு நின்றே தீரும். பட்டன் ஓட்டைகளின் ஓரம் கருகியிருந்தது, ஹோல்சா, அதாவது டிரில்லில் மாட்டுகிற வட்ட ரம்பம், போட்ட அடையாளம். 30 மி.மீ. கேட்ட இடத்தில் 32 இருந்ததால் பட்டன் ஆடியது. ஜாய்ஸ்டிக் பொருந்த அடிப்பக்கம் குடையச் சொன்ன பள்ளத்தில் உளித் தடம். தளம் மேடுபள்ளமாக இருந்ததால் குச்சி சாய்ந்தே நின்றது.

பிளைவுட்டிலும் சந்தேகம் வந்தது, ஓட்டைக்குள் அடுக்குகளுக்கு நடுவே இடைவெளி தெரிந்தது. ஒரு ஓரத்தை அறுத்துக் கொதிக்கிற தண்ணீரில் போட்டேன். ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர அளவுப்படி மரைன் பிளைவுட் 72 மணி நேரக் கொதிப்பைத் தாங்க வேண்டும். இது நாலு மணி நேரத்தில் அப்பளம் அப்பளமாகப் பிரிந்துவிட்டது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் அக்கா வீட்டு அலமாரிகள் ஊறி உப்பியதைப் பார்த்தவன் நான். அதனால்தான் மரைன் என்று அழுத்திச் சொல்லியிருந்தேன்.

திரும்பக் கொண்டுபோய்க் காட்டினேன். "பின் ஓட்டைய அரத்த வச்சு கொஞ்சம் தேய்ச்சா உக்காந்துரும் அண்ணாச்சி" என்றார். உட்காரும், உண்மைதான். ஆனால் சண்டை ஆட்டத்தில் குச்சியை வேகமாக இழுக்கும்போது பலகையே நகரும். அரை மணி நேரம் பேசிய பிறகுதான், மெஷின் ரிப்பேர் என்றும் ஆசாரியை வைத்துச் செய்ததாகவும் ஒப்புக்கொண்டார். 2,500 திரும்பக் கிடைத்தது. மீதிக்கு "பாப்போம்" என்றார், அதற்கப்புறம் போனை எடுக்கவில்லை.

அந்த ஆசாரி மேல் எனக்குத் துளி வருத்தமும் கிடையாது. மூன்றும் ஒரே சட்டத்தில் மாறி மாறி உட்கார வேண்டும் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒரு டெம்பிளேட் (மாதிரி அச்சுப் பலகை) செய்து மூன்றையும் அச்சு அசலாக இழைத்துக் கொடுத்திருப்பார். மெஷின் ஓடவில்லை என்று முதலிலேயே சொல்லியிருந்தால் நானே அப்படிச் செய்யச் சொல்லியிருப்பேன்.

நீங்கள் கொடுப்பதாக இருந்தால் முதலில் மெஷின் ஓடுவதைப் பாருங்கள். ஃபைலை வாங்கி, திறந்து, அளவைத் திருப்பிச் சொல்கிறார்களா என்று பாருங்கள். மைக்கா ஒட்டிவிட்டால் உள்ளே என்ன பலகை என்று தெரியாது. அதற்கு முன்னாலேயே போய் முத்திரையையும் ஓரத்தையும் பார்த்துவிடுங்கள். பாதிக்கு மேல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

இந்த முறை வேறு கடை. 540 மி.மீ. இடைவெளியில் இரண்டு பின் அடித்த ஒரு மரச்சட்டத்தைக் கையோடு கொண்டு போனேன். மூன்று பேனலையும் அங்கேயே மேசைமேல் கவிழ்த்துப் போட்டு, ஒவ்வொன்றிலும் சட்டத்தை இறக்கினேன். மூன்றிலும் சத்தமில்லாமல் இறங்கியது. அப்புறம்தான் மீதிப் பணத்தை எடுத்தேன்.