விண்டோஸ் ஷேரிங்கா, லோக்கல்செண்டா, சிங்திங்கா? பதினெட்டுப் படியைத் தாண்ட எது உதவும்?

தம்பி கீழ்வீட்டில் கல்யாண ஆல்பம் வடிவமைக்கிறான். ஒரு முகூர்த்தத்துக்கு 40 ஜிபி, 60 ஜிபி என்று படம் வந்து இறங்கும். நிறம் திருத்துவது மாடியில், என் லேப்டாப்பில். நடுவே பதினெட்டுப் படி. "அண்ணே, நேத்து ராத்திரி வரைக்கும் தொறந்துச்சு, இன்னைக்கு உன் கம்ப்யூட்டரே லிஸ்ட்ல காணோம்" என்று கீழிருந்து குரல் வராத வாரமே கிடையாது.

இரண்டு வருஷத்தில் பென்டிரைவ், விண்டோஸின் சொந்த ஷேரிங், ரவுட்டரில் செருகிய ஹார்டு டிஸ்க், லோக்கல்செண்ட், சிங்திங் என்ற இரண்டு மென்பொருள்கள் என்று எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்துவிட்டோம். என் கட்சி இதுதான்: இவற்றில் பாதி ஒன்றுக்கொன்று போட்டியே கிடையாது. ஃபைலை அனுப்புவது ஒரு வேலை. ஒரே இடத்தில் வைத்து இரண்டு பேரும் திறப்பது வேறு வேலை. இரண்டு கம்ப்யூட்டரிலும் ஒரே நகல் இருக்கும்படி பார்த்துக்கொள்வது இன்னொன்று. எந்த வேலைக்கு எது என்று தெரியாமல் மல்லுக்கட்டியதில்தான் எங்களுக்கு முதல் ஆறு மாதம் போனது.

பென்டிரைவைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். அவசரத்துக்கு அதை அடிக்க ஆளில்லை. ஆனால் கடையில் வாங்கியபடியே இருக்கும் பல டிரைவ்கள் ஃபேட்32 முறையில் ஃபார்மேட் ஆகி வரும். 4 ஜிபியைத் தொடும் ஒற்றை வீடியோ ஃபைல் அதில் ஏறாது. டிரைவில் இடம் காலியாக இருந்தும் "ஃபைல் பெரிது" என்று சொல்வதைப் பார்த்துத் தம்பி டிரைவ் போலி என்று கடைக்காரரிடம் சண்டைக்கே போய்விட்டான். எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றி ஃபார்மேட் செய்தால் சரியாகிவிடும், உள்ளே இருப்பது அழியும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

விண்டோஸ் ஷேரிங்: எல்லோரும் திட்டுவது, கடைசியில் எல்லோரும் திரும்பி வருவது

இதில் காசு கிடையாது, புதிதாக எதையும் நிறுவ வேண்டாம். மற்ற எதிலும் இல்லாத ஒரு வசதி இதில் உண்டு: கீழே தம்பியின் டெஸ்க்டாப் கம்ப்யூட்டரில் இருக்கும் ஆல்பம் ஃபைலை நகல் எடுக்காமல், இருந்த இடத்திலேயே வைத்து மாடியிலிருந்து திறந்து, திருத்தி, சேமிக்கலாம். "ஆல்பம்_கடைசி", "ஆல்பம்_கடைசியோ_கடைசி" என்று நகல்கள் பெருகாது.

வம்பு அது தொடங்கும் இடத்தில்தான். முதலில் அந்த "காணோம்" விஷயம். எக்ஸ்ப்ளோரரில் நெட்வொர்க் என்று சொடுக்கினால் வரும் பட்டியலை நம்பவே நம்பாதீர்கள். அந்தக் காலத்தில் அந்தப் பட்டியலைத் தயாரித்தது எஸ்எம்பி-யின், அதாவது ஃபைலைப் பகிர விண்டோஸ் பேசும் மொழியின், முதல் பதிப்பை ஒட்டிய ஏற்பாடு. 2017 மே மாதம் வானாகிரை என்ற பணம் பறிக்கும் வைரஸ் அந்தப் பதிப்பின் ஓட்டை வழியாகத்தான் உலகம் முழுக்கப் பரவியது. அதற்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது, போடாதவர்கள்தான் மாட்டினார்கள். அந்த வருஷக் கடைசியிலிருந்து விண்டோஸ் 10 பழைய பதிப்பைப் படிப்படியாகக் கழற்றிவிட்டது. இப்போது பட்டியலில் பெயர் தெரிய வேண்டுமென்றால் ஃபங்ஷன் டிஸ்கவரி என்று தொடங்கும் இரண்டு சர்வீஸ்கள் (விண்டோஸ் பின்னணியில் ஓட்டும் வேலைகள்) ஓட வேண்டும். அவை தூங்கிவிட்டால் கம்ப்யூட்டர் பட்டியலில் இருக்காது, ஆனால் ஷேர் நன்றாகவே வேலை செய்துகொண்டிருக்கும்.

அதனால் நான் பட்டியலைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன். எக்ஸ்ப்ளோரரின் முகவரிப் பட்டையில் நேராக \\192.168.1.5 என்று அந்தக் கம்ப்யூட்டரின் ஐபி எண்ணை, அதாவது வீட்டு நெட்வொர்க்கில் அதன் முகவரியை, தட்டி என்டர் அடிக்கிறேன். அடுத்து நடப்பதை வைத்தே பாதி நோய் தெரிந்துவிடும். ஃபோல்டர்கள் வரிசையாக வந்தால் பெயர் தேடுவதில் மட்டும்தான் கோளாறு. யூசர்நேம், பாஸ்வேர்டு கேட்டால் வழி திறந்திருக்கிறது, நீங்கள் யார் என்பதில்தான் சிக்கல். வட்டம் சுற்றிச் சுற்றி, கடைசியில் 80070035 என்று முடியும் பிழை எண்ணோடு "நெட்வொர்க் பாத்" கிடைக்கவில்லை என்று வந்தால், பெரும்பாலும் வழியே அடைபட்டிருக்கிறது.

வழி அடைபடுவதற்கு நான் அதிகம் பார்த்த காரணம், வீட்டு வைஃபையை விண்டோஸ் "பப்ளிக்" என்று குறித்து வைத்திருப்பது. பஸ் ஸ்டாண்டு வைஃபை என்று நினைத்துக்கொண்டு அது கதவைச் சாத்திக்கொள்கிறது. நெட்வொர்க் செட்டிங்ஸில் அந்த வைஃபையின் பண்புகளுக்குப் போய் "பிரைவேட்" என்று மாற்றி, ஃபைல் ஷேரிங்கை ஆன் செய்தால் பல வீடுகளில் கதை அத்தோடு முடிந்தது. ஃபயர்வாலை மொத்தமாக அணைக்கச் சொல்லும் யூடியூப் வீடியோக்களை நம்ப வேண்டாம். ஹோம்குரூப் தொடங்கு என்று சொல்லும் வீடியோவையும்தான், அதை 2018-லேயே விண்டோஸ் 10-இலிருந்து எடுத்துவிட்டார்கள்.

எங்கள் வீட்டில் காரணம் வேறு. கீழே இணைய நிறுவனம் கொடுத்த ஃபைபர் பெட்டி, அதிலேயே வைஃபை உண்டு. மாடியில் சிக்னல் எட்டவில்லை என்று நானே ஒரு ரவுட்டர் வாங்கி வைத்தேன். கீழே கம்ப்யூட்டர்களுக்கு 192.168.1 என்று தொடங்கும் எண், மாடியில் 192.168.0. மூன்றாவது எண் வேறு என்றால் ஒரே வீட்டுக்குள் இரண்டு தெரு என்று அர்த்தம். வேடிக்கை என்னவென்றால், மாடியிலிருந்து எண்ணைத் தட்டினால் கீழ்வீட்டு ஃபோல்டர் திறக்கும். கீழிருந்து மாடிக்கு வராது. ஒருவழிப் பாதை. இது புரியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இரண்டு பேரும் மாற்றி மாற்றிப் படியேறினோம். மாடி ரவுட்டரை, தானாக எண் கொடுக்காமல் வைஃபையை மட்டும் நீட்டும் ஆக்சஸ் பாயிண்ட் முறைக்கு மாற்றியதும் எல்லாம் ஒரே தெருவாகிவிட்டது.

அடுத்தது பாஸ்வேர்டு. தினமும் நான்கு இலக்கப் பின் போட்டு உள்ளே போகிறவர்கள் இங்கேயும் அதையே போடுகிறார்கள். அந்தப் பின் அந்த ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டும்தான் செல்லும். நெட்வொர்க் வழியாக வருகிறவரிடம் விண்டோஸ் கேட்பது கணக்கின் உண்மையான பாஸ்வேர்டை. மைக்ரோசாஃப்ட் கணக்கு என்றால் மின்னஞ்சலும் அதன் பாஸ்வேர்டும். பாஸ்வேர்டே இல்லாத கணக்கு என்றால் வெளியிலிருந்து உள்ளே விடவே விடாது. பாஸ்வேர்டு கேட்காமல் விருந்தினராக நுழையும் பழைய வழியும் 2024-இல் வந்த விண்டோஸ் 11 24எச்2 பதிப்பின் ப்ரோ வகையில் அடைபட்டுவிட்டது. அப்டேட் ஆன மறுநாள் "நேத்து தொறந்துச்சு" என்று அலறியவர்களில் பலர் இந்த வகை. அதைத் திரும்பத் திறக்க வழி உண்டு, நான் செய்யவில்லை. டெஸ்க்டாப்பில் ஷேரிங்குக்கென்றே ஒரு உள்ளூர்க் கணக்கும் அதற்கு ஒரு பாஸ்வேர்டும் வைத்தேன். மாடியில் ஒருமுறை அதைக் கொடுத்து, நினைவில் வைத்துக்கொள் என்று டிக் போட்டேன். அத்தோடு சரி.

திறக்கிறது, ஆனால் சேமிக்க விடவில்லை என்றால் இரண்டு பூட்டு இருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஃபோல்டரின் பண்புகளில் ஷேரிங் பக்கத்தில் ஒரு அனுமதி, செக்யூரிட்டி பக்கத்தில் இன்னொரு அனுமதி. இரண்டில் எது கறாரோ அதன் பேச்சுதான் எடுபடும்.

ரவுட்டரில் செருகிய டிஸ்க்

பின்னால் யூஎஸ்பி துளை இருக்கும் ரவுட்டரில் ஹார்டு டிஸ்கைச் செருகினால் ஏழைகளின் சர்வர் தயார் என்பார்கள். பழைய ரவுட்டர்கள் பல, மேலே சொன்ன அந்த எஸ்எம்பி முதல் பதிப்பை மட்டுமே பேசும். இன்றைய விண்டோஸுக்கு அது புரியாது. புரிய வைக்க அந்தப் பழைய பதிப்பைத் திரும்பப் போடு என்பார்கள். பூட்டு உடைந்தது என்று மாற்றிய கதவைத் தேடி எடுத்துத் திரும்ப மாட்டுகிற வேலை அது. டிஸ்கைக் கழற்றி டெஸ்க்டாப்பிலேயே செருகிவிட்டோம். நெட்வொர்க்கில் டிஸ்கைப் பகிர்வதற்கென்றே வரும் நாஸ் பெட்டி வாங்கலாமே என்றால் வாங்கலாம், நல்ல பொருள்தான். ஐந்து இலக்க விலை, டிஸ்க் தனி.

லோக்கல்செண்டும் சிங்திங்கும்

லோக்கல்செண்ட் இலவசம், திறந்த மூல மென்பொருள். விண்டோஸ், மேக், லினக்ஸ், ஆண்ட்ராய்டு, ஐபோன் எல்லாவற்றிலும் ஓடும். கணக்கு வேண்டாம், இணையம்கூட வேண்டாம், ஒரே வைஃபை போதும். அண்ணன் மகளின் லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட். அவளுக்கும் எனக்கும் நடுவில் விண்டோஸ் ஷேரிங்கை ஓட்டுவதைவிட இது பத்து மடங்கு நிம்மதி. எதிர்க் கருவி தெரியவில்லை என்றால் இரண்டு இடம் பாருங்கள். முதல்முறை ஓட்டியபோது ஃபயர்வால் கேட்ட கேள்விக்கு அவசரத்தில் கேன்சல் அழுத்தியிருப்பீர்கள், அது அப்படியே தடையாகப் பதிந்திருக்கும். அல்லது ஒரு கருவி கெஸ்ட் வைஃபையில் இருக்கும். அதில் இருப்பவை ஒன்றையொன்று பார்க்கக் கூடாது என்றே பல ரவுட்டர்கள் வைத்திருக்கின்றன. இது அனுப்பும் கருவி மட்டும்தான். அனுப்பிய பிறகு நகல் இரண்டு.

சிங்திங் வேறு ரகம். இரண்டு கம்ப்யூட்டரிலும் ஒரு ஃபோல்டரைக் காட்டிவிட்டால் போதும், ஒன்றில் செய்த மாற்றம் தானாக மற்றதற்குப் போய்விடும். நடுவில் யாருடைய சர்வரிலும் ஃபைல் தங்காது. ஒன்று அணைந்திருந்தாலும் மற்றதில் வேலை ஓடும், திரும்ப ஆன் ஆனதும் ஈடுகட்டிக்கொள்ளும். கேட்க இனிக்கிறதா? கீழே தம்பி இடம் போதவில்லை என்று ஒரு ஃபோல்டரை அழித்தான். மாடியிலும் அழிந்தது. அது தன் கடமையைத்தான் செய்தது. பழைய பதிப்புகளைச் சேமித்து வைக்கும் வசதி அதிலேயே உண்டு, நாமாகத்தான் ஆன் செய்ய வேண்டும். நல்லவேளை, மெமரி கார்டை அதுவரை யாரும் ஃபார்மேட் செய்யவில்லை. இதைப் பேக்கப் என்று நினைப்பவர்கள் ஒருநாள் அழுவார்கள்.

கூகுள் டிரைவ், ஒன்டிரைவ் வழியாக அனுப்பலாமே என்று கேட்பார்கள். இலவச இடம் முறையே 15 ஜிபி, 5 ஜிபி. பதினெட்டுப் படி ஏற, 40 ஜிபி ஊரெல்லாம் சுற்றி வர வேண்டியதில்லை.

வேகம் பற்றி ஒரு வார்த்தை

எந்தக் கருவி வேகம் என்று சண்டை போடுவதற்கு முன் வயரைப் பாருங்கள். 100 எம்பிபிஎஸ் இணைப்பில் நொடிக்கு 11 எம்பி போகும். 40 ஜிபிக்கு ஒரு மணி நேரம். கிகாபிட் இணைப்பில் நொடிக்கு 110 எம்பி, அதே வேலை ஆறேழு நிமிஷம். எங்கள் ரவுட்டரும் கம்ப்யூட்டரும் கிகாபிட்தான், ஆனால் ஒரு மணி நேரம்தான் ஆகிக்கொண்டிருந்தது. கடைசியில் முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், எட்டு இழையில் நாலை மட்டும் உள்ளே விட்டு கிரிம்ப் செய்திருக்கிறார் வயர் இழுத்தவர். மீதி நாலு இழை உறைக்குள் மடங்கிக் கிடந்தது. நாலு இழையில் 100 எம்பிபிஎஸ்தான் ஓடும். முனையை வெட்டி எட்டையும் சேர்த்து மாட்டியதும் தம்பி டீ போட்டுத் திரும்புவதற்குள் ஒரு கல்யாணமே மாடிக்கு வந்து சேர்ந்தது.

இப்போது நடப்பில் இருக்கும் ஆல்பம் டெஸ்க்டாப்பில் விண்டோஸ் ஷேரில் இருக்கிறது. முதலில் என் லேப்டாப்பில் வைத்திருந்தோம், மூடிப் பையில் போட்டால் அவனுக்கு "காணோம்". டெஸ்க்டாப்புக்கு ரவுட்டரில் ஐபி எண்ணை நிரந்தரமாக ஒதுக்கி, தூங்காமல் இருக்கும்படி பவர் செட்டிங்ஸையும் மாற்றியிருக்கிறேன். வாடிக்கையாளர் போனில் கொண்டுவரும் படங்களுக்கு லோக்கல்செண்ட். சிங்திங் என் கணக்கு வழக்கு ஃபோல்டருக்கு மட்டும்.

போன வியாழக்கிழமை ஷேர் திறக்கவில்லை. எண்ணைத் தட்டினேன், வட்டம் சுற்றியது, 80070035. வைஃபை பிரைவேட்தான், ரவுட்டர் ஒன்றுதான், இணையமும் வருகிறது. மாடிப்படியில் நின்று, "டேய், உன் கம்ப்யூட்டர காணோம்டா" என்று கத்தினேன்.

"கரண்ட் போய் அரை மணி நேரமாச்சுண்ணே. ரவுட்டர் மட்டுந்தான் இன்வெர்ட்டர்ல இருக்கு."