ரேம் வாங்கச் சொன்னால் முதலில் அந்த ஒரு வரியைப் பாருங்கள்: திருமலை விடுதி, கடைக்காரர்களுக்கு எச்சரிக்கை

திருகோணமலையில், உப்புவெளியில் ஒரு விடுதி. அறைப் பதிவு, சாப்பாட்டுப் பில், கணக்கு எல்லாமே ஜாவாவில் எழுதிய ஒரே மென்பொருளில் நடக்கிறது. அது ஓடுவது ஜாவா நிரல்களை இயக்கும் வைல்ட்ஃப்ளை என்ற சேர்வர் மென்பொருளில், விண்டோஸ் மெஷினில். தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ், பின் அறையில் வேறொரு மெஷினில். மே முதல் செப்டெம்பர் வரை சீசன். அந்த மாதங்களில்தான் சேர்வர் இழுக்கத் தொடங்கும். ஒரு புக்கிங்கைத் திறக்க ஒரு நிமிடம் ஆகும். ஆட்கள் பெட்டியோடு நிற்பார்கள், ரிசெப்ஷனில் இருக்கும் பிள்ளை திரையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

பராமரிப்பு ஒப்பந்தம் எடுத்திருந்த கம்பனி கொழும்பிலிருந்து வந்து பார்த்துவிட்டு, ரேம் போதாது என்றது. 16 ஜிபி இருந்த மெஷின் 32 ஆனது. இழுவை நிற்கவில்லை. பிறகு 64 ஆனது. அதற்குப் பிறகும் நிற்கவில்லை. மூன்றாவது தடவை வந்தபோது சேர்வரையே மாற்றச் சொல்லி ஒரு விலைப்பட்டியலை நீட்டினார்கள். விடுதிக்காரர் பணத்தைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருப்பதால் அந்தக் கம்பனியின் பெயரை இங்கே போடவில்லை. இதே பேச்சைக் கேட்டுவிட்டு இதே பணத்தைக் கட்டப்போகிறவர்கள் நிலாவெளியிலும் பிரதான வீதியிலும் இருப்பார்கள். பதிவு அவர்களுக்குத்தான்.

அந்த மெஷினில் என்ன இருந்தது என்பதை யாரும் இரண்டு நிமிடத்தில் பார்க்கலாம். டாஸ்க் மனேஜரைத் திறந்து ‘டீடெய்ல்ஸ்’ பக்கத்துக்குப் போங்கள். மேலே நிரல் தலைப்பில் வலது கிளிக் செய்து, நிரல்களைத் தெரிவுசெய்யும் இடத்தில் ‘கொமாண்ட் லைன்’ என்பதை இயக்குங்கள். ஜாவா என்ற வரிக்கு நேரே ஒரு நீளமான எழுத்துத் தொடர் தெரியும். அதற்குள் ‘எக்ஸ்எம்எக்ஸ்’ என்ற எழுத்துகளை ஒட்டினாற்போல் ஓர் எண் இருக்கும். இந்த விடுதியில் அந்த எண் 512எம்.

ஜாவா நிரல் தன் பொருள்களை வைக்கும் இடத்துக்கு ஹீப் என்று பெயர். அதன் உச்ச அளவுதான் எக்ஸ்எம்எக்ஸ். மெஷினில் எவ்வளவு ரேம் கிடந்தாலும் இந்த எண்ணைத் தாண்டி ஹீப் ஒரு பைட்டும் வளராது. 512 மெகாபைட் என்பது வைல்ட்ஃப்ளையை இறக்கி விரித்தவுடன் அதிலேயே எழுதியிருக்கும் ஆரம்ப அளவு. 64 ஜிபி மெஷினில் அது 128 பங்கில் ஒரு பங்கு. இரண்டு தடவை காசு கொடுத்து வாங்கிய ரேமின் பக்கம் ஹீப் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அவர்கள் எதையும் தொடவில்லை என்று சொல்ல முடியாது. தொட்ட இடம்தான் பிழை. வைல்ட்ஃப்ளைக்குள் ‘பின்’ (bin) என்ற ஃபோல்டரில் ஒரே மாதிரிப் பெயரில் இரண்டு பைல்கள் இருக்கும். ஸ்டாண்டலோன் டொட் கொன்ஃப் என்பது லினக்ஸுக்கு. ஸ்டாண்டலோன் டொட் கொன்ஃப் டொட் பேட் என்பது விண்டோஸுக்கு. முதலாவதில் 12 ஜிபி என்று மாற்றி எழுதியிருந்தார்கள். விண்டோஸ் அந்தப் பைலை வாசிப்பதே இல்லை. மாற்றிய பிறகு ஒரு தடவை டாஸ்க் மனேஜரைப் பார்த்திருந்தாலே பிடிபட்டிருக்கும். பார்க்காமல் ‘செயற்றிறன் மேம்பாடு’ என்று பில் எழுதினார்கள்.

பில்லில் இருந்த அடுத்த வேலை தரவுத்தள இணைப்புகளைக் கூட்டியது. அதுவும் இதே கதைதான். வைல்ட்ஃப்ளையின் கொன்ஃபிகரேஷன் ஃபோல்டரில் ஸ்டாண்டலோன் டொட் எக்ஸ்எம்எல், ஸ்டாண்டலோன் ஃபுல் டொட் எக்ஸ்எம்எல் என்று பல பைல்கள் உண்டு. எந்தப் பைலோடு சேர்வர் கிளம்ப வேண்டும் என்பதை கிளப்பும்போது கொடுக்கும் ‘மைனஸ் சி’ என்ற சொல்தான் தீர்மானிக்கும். அப்படி ஒன்றும் கொடுக்காவிட்டால் முதலாவதை எடுக்கும். இந்த விடுதியின் மென்பொருளுக்கு மெசேஜ் வரிசை, அதாவது செய்திகளை வரிசையில் வைத்து அனுப்பும் வசதி தேவை, முதலாவதில் அது இல்லை. அதனால் அது ஃபுல்லோடு கிளம்புகிறது. அந்த நீளமான வரியின் கடைசியில் அதுவும் அப்படியே எழுதியிருந்தது. கம்பனி மாற்றியதோ ஃபுல் இல்லாத பைலை. தயாராகத் திறந்து வைத்திருக்கும் தரவுத்தள இணைப்புகளின் தொகுப்புக்குப் பூல் என்று பெயர். அதன் உச்ச அளவான மெக்ஸ் பூல் சைஸ் அந்தப் பைலில் 300 என்று இருந்தது, ஓடிக்கொண்டிருந்ததில் பழைய 20.

அந்த 300 நிசமாகவே ஏறியிருந்தால் நிலைமை இன்னும் மோசமாகியிருக்கும். போஸ்ட்கிரெஸ் ஆரம்ப அமைப்பில் மொத்தம் 100 இணைப்புகளைத்தான் ஏற்கும். அதிலும் 3 நிர்வாகிக்கு ஒதுக்கியவை, மிஞ்சுவது 97. அதற்கு மேல் கேட்டால், மிஞ்சிய இடங்கள் நிர்வாகிக்கு ஒதுக்கியவை என்று திருப்பி அனுப்பிவிடும். பூலின் உச்சத்தை 97க்குக் கீழே, பேக்கப் எடுக்கும் நிரலுக்கும் அறிக்கை எடுப்பவருக்கும் இடம் விட்டு வைக்க வேண்டும். இப்படிப்பட்ட விடுதிக்கு 30 தாராளம்.

பூல் நிரம்பினால் எப்படித் தெரியும்? திரை சரியாக 30 செக்கன் அசையாமல் நின்று, பிறகு பிழை காட்டும். அந்த 30 செக்கன் தற்செயல் அல்ல. இணைப்புக்காகக் காத்திருக்க வைல்ட்ஃப்ளை கொடுக்கும் ஆரம்பத் தவணை 30000 மில்லி செக்கன். சேர்வர் தன் நடப்பை எழுதி வைக்கும் லொக் பைலில் ஐஜே000453, அதற்குக் கீழே ஐஜே000655 என்ற குறியீடுகள் இருந்தால் இதுதான் காரணம். பூலைக் கூட்டுவதற்கு முன்னால் ஒன்றைப் பார்க்க வேண்டும். வைல்ட்ஃப்ளையோடு வரும் கட்டளைத் திரையான ஜேபொஸ் சிஎல்ஐயில், தரவுத்தள இணைப்புக்கான அமைப்பான டேட்டாசோர்ஸின் ஸ்டாட்டிஸ்டிக்ஸை இயக்கிவிட்டு, இரவு எல்லாரும் வெளியேறிய பிறகு ‘இன் யூஸ் கவுண்ட்’ எத்தனை என்று பாருங்கள். பூச்சியம் என்றால் இணைப்புகள் ஒழுங்காகத் திரும்பி வருகின்றன, பகலில் ஆட்கள்தான் கூடுகிறார்கள், பூலைக் கூட்டலாம். ஒருவரும் இல்லாத நேரத்தில் 7, 8 என்று நின்று நாளுக்கு நாள் ஏறினால், மென்பொருள் இணைப்பை எடுத்துவிட்டு மூட மறக்கிறது. அப்போது 20ஐ 300 ஆக்குவது ஓட்டை வாளிக்குப் பதில் பெரிய ஓட்டை வாளி வாங்குவது. அதை எழுதியவர்தான் திருத்த வேண்டும்.

கரண்ட் வெட்டும் இவர்களுக்கு வருமானமாகிவிட்டது. கரண்ட் போய் வந்தால் பின் அறை மெஷின் அணைந்து எழும்பும். வைல்ட்ஃப்ளை மெஷின் யூபிஎஸ்ஸில் நின்றுவிடும். பூலில் இருந்த இணைப்புகள் எல்லாம் செத்தவை, ஆனால் பூலுக்கு அது தெரியாது. செத்ததையே எடுத்து நீட்டும். கம்பனி தூரத்திலிருந்து உள்ளே வந்து சேர்வரை ரீஸ்டார்ட் பண்ணிவிட்டு, ஒவ்வொரு தடவையும் ‘அவசரச் சேவை’ என்று கட்டணம் போட்டிருக்கிறது. டேட்டாசோர்ஸில் வலிடேஷன் என்ற பகுதியை நிரப்பியிருந்தால் ஒரு தடவையும் தேவைப்பட்டிருக்காது. இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் வலிட் கனெக்ஷன் செக்கர், எந்தப் பிழை வந்தால் இணைப்பு செத்தது என்று பிரிக்கும் எக்செப்ஷன் சோர்ட்டர் இரண்டுக்கும் வைல்ட்ஃப்ளையோடு வரும் போஸ்ட்கிரெஸுக்கான ஜாவா கிளாஸ்களின் பெயர்களைக் கொடுக்க வேண்டும். அதோடு, ஒவ்வொரு தடவை எடுக்கும்போதும் சோதிக்கும் ‘வலிடேட் ஒன் மேட்ச்’, அல்லது பின்னணியில் இடைவிட்டுச் சோதிக்கும் ‘பேக்ரவுண்ட் வலிடேஷன்’, இரண்டில் ஒன்றை மட்டும் இயக்க வேண்டும். கரண்ட் அடிக்கடி போகும் இடத்துக்கு முதலாவதுதான் நல்லது. சின்ன விடுதியில் அதன் சுமை தெரியவே தெரியாது.

ஹீப்புக்குத் திரும்பி வருவோம். சரியான அளவு எது என்று கேட்டால், ‘கூட இருந்தால் நல்லது’ என்று எவரும் சொல்லக் கூடாது, அளந்து சொல்ல வேண்டும். சேர்வீஸை நிறுத்திவிட்டு, விண்டோஸுக்கான அந்தப் பேட் பைலில் ஹீப்பின் தொடக்க அளவான எக்ஸ்எம்எஸ், உச்ச அளவான எக்ஸ்எம்எக்ஸ் இரண்டையும் 4 ஜிபி ஆக்கி, ஜிசி லொக்கையும் எழுதச் சொல்லிக் கிளப்புங்கள். கிளப்பியவுடன் டாஸ்க் மனேஜரில் எண் மாறியிருக்கிறதா என்று பார்க்க மறக்க வேண்டாம். ஜிசி லொக் என்பது ஜாவா தன் குப்பையைக் கூட்டும் ஒவ்வொரு தடவையும் எழுதும் ஒரு வரி. 512இல் இருந்தபோது இந்த விடுதியின் லொக் இப்படி இருந்தது: ‘போஸ் ஃபுல்’, 508எம் இலிருந்து 499எம், அடைப்புக்குள் 512எம், கடைசியில் 1400 மில்லி செக்கன். அடுத்த வரியும் அதே, அதற்கடுத்ததும் அதே. முழுச் சேர்வரையும் ஒன்றரைச் செக்கன் நிறுத்திக் கூட்டியதில் கிடைத்தது 9 மெகாபைட் இடம். அது உடனே நிரம்பும், திரும்பவும் நிறுத்தும். ரிசெப்ஷனில் அந்தப் பிள்ளை காத்திருந்த ஒரு நிமிடம் இதுதான்.

4 ஜிபி கொடுத்த பிறகு அந்த ‘ஃபுல்’ வரிகள் லொக்கில் இல்லை. ஆனாலும் ஒரு கிழமைக்கு லொக்கைப் பார்த்து, கூட்டி முடித்தபின் மிஞ்சும் எண்ணை நாளாந்தம் குறித்து வையுங்கள். அது ஒரே மட்டத்தில் நின்றால் வேலை முடிந்தது. நாள்தோறும் ஏறிக்கொண்டே போனால் மென்பொருளில் நினைவகக் கசிவு இருக்கிறது. ஹீப்பைக் கூட்டினால் விழும் நாள்தான் தள்ளிப்போகும். இன்னுமொன்று: ஜாவா 32 பிட் பதிப்பாக இருந்தால் விண்டோஸில் ஏறக்குறைய 1.5 ஜிபிக்கு மேல் ஹீப் கொடுக்கவே முடியாது, கொடுத்தால் கிளம்பாது. பழைய மெஷின்களில் இது இன்னும் இருக்கிறது.

பில்லில் ‘சேர்வர் லைசன்ஸ், வருடாந்தம்’ என்றும் ஒரு வரி. வைல்ட்ஃப்ளைக்கு லைசன்ஸ் கட்டணம் கிடையாது. ஜேபொஸ் என்று முன்னர் இருந்த இலவசச் சேர்வர்தான் 2014இல் 8ஆம் பதிப்பிலிருந்து வைல்ட்ஃப்ளை என்ற பெயரில் வருகிறது. காசு கட்ட வேண்டியது ரெட் ஹெட்டின் ஜேபொஸ் ஈஏபிக்கு. அதற்குச் சந்தா வாங்கினால் உங்கள் பெயரில் ரெட் ஹெட் கணக்கு இருக்கும், அதைக் காட்டச் சொல்லலாம். உங்களிடம் ஓடுவது எது என்று பார்க்க, சேர்வர் லொக்கில் கிளம்பும் இடத்து வரிகள் போதும். பெயரும் பதிப்பும் அங்கே இருக்கும். போஸ்ட்கிரெஸும் இலவசம், ஓப்பன் ஜேடிகேயும் இலவசம். ஒருவர் வந்து அமைத்துத் தந்ததற்குக் கூலி கேட்பது நியாயம், கொடுக்கவும் வேண்டும். அதை லைசன்ஸ் என்று எழுதி வருடா வருடம் வாங்குவது ஏமாற்று.

எல்லாவற்றையும் விடப் பயமான விசயம் 9990ஆம் போர்ட், அதாவது நெட்வேர்க்கிலிருந்து சேர்வருக்குள் வரும் வாசல்களில் ஒன்று. வைல்ட்ஃப்ளையின் நிர்வாகத் திரை அங்கேதான் இருக்கிறது. ஆரம்ப அமைப்பில் அது 127.0.0.1இல் மட்டும், அதாவது அதே மெஷினுக்குள் மட்டும் திறக்கும். தூரத்திலிருந்து வேலை செய்வது சுலபம் என்று, நெட்வேர்க்கில் எவருக்கும் திறக்கும்படி கிளம்பும் வரியில் ‘பி மனேஜ்மென்ட் 0.0.0.0’ என்று சேர்த்துவிட்டிருந்தார்கள். விருந்தாளிகளுக்குக் கொடுக்கும் வைஃபையும் சேர்வரும் ஒரே நெட்வேர்க். கடற்கரைக் கதிரையில் படுத்திருப்பவரின் ஃபோனிலிருந்தே அந்தத் திரை வந்தது. அதற்குள் நுழைந்தவர் தன் சொந்த நிரலையே சேர்வரில் ஏற்றலாம். அந்தத் தரவுத்தளத்தில் இருப்பவை விருந்தாளிகளின் பாஸ்போர்ட் விபரங்கள். இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் பேசுவது இப்படிப்பட்ட தரவைப் பற்றித்தான். உங்கள் இடத்தில் பார்ப்பதற்கு: விருந்தாளி வைஃபையில் ஃபோனை இணைத்து, பிரௌசரில் சேர்வரின் ஐபி எண்ணையும் முக்காற்புள்ளியையும் 9990ஐயும் அடியுங்கள். திரை வந்தால் இன்றைக்கே மூட வேண்டும். சேர்வரில், திறந்திருக்கும் போர்ட்களைக் காட்டும் நெட்ஸ்டாட் கட்டளையைக் கொடுத்தாலும் தெரியும். 9990க்கு முன்னால் 127.0.0.1 இருந்தால் நிம்மதி, 0.0.0.0 இருந்தால் கதவு திறந்து கிடக்கிறது.

ஒப்பந்தத்தை முறிக்கிறவர்கள் கொன்ஃபிகரேஷன் ஃபோல்டரில் எம்ஜிஎம்டி யூசர்ஸ் (mgmt-users) என்ற பைலைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு நிர்வாகிக்கும் ஒரு வரி. பழைய கம்பனியின் பெயரில் இருப்பதை அகற்றிவிட்டு, எட் யூசர் நிரலால் உங்களுக்கொன்றை உருவாக்குங்கள். தரவுத்தளக் கடவுச்சொல்லும் அவர்களுக்குத் தெரியும், அதையும் மாற்ற வேண்டும். கேட்காமலே உள்ளே வரவிடும் எனிடெஸ்க் போன்றவற்றையும் நீக்குங்கள்.

அவர்களோடு பேசப் போவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. அதே கொன்ஃபிகரேஷன் ஃபோல்டருக்குள் ஸ்டாண்டலோன் எக்ஸ்எம்எல் ஹிஸ்டரி என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். ஓடும் பைலின் பழைய பிரதிகளை வைல்ட்ஃப்ளை அதில் தானாகவே சேர்த்து வைக்கிறது: ஆரம்பத்தில் இருந்தது, கடைசியாகக் கிளம்பியபோது இருந்தது, இடையில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒன்று, திகதியிட்ட ஃபோல்டர்களில். இந்த விடுதியில் பில்லில் இருந்த ‘மேம்பாட்டு’த் திகதிகளுக்கு நேரே ஒரு மாற்றமும் இல்லை, கம்பனியின் பேச்சு மாறியது அந்தப் பிரதிகளைக் காட்டிய பிறகுதான். ஆனால் திகதியிட்ட அந்த ஃபோல்டர்கள் 30 நாள் தாண்டினால் அழிக்கப்பட்டுவிடும். அதனால் அந்த ஃபோல்டரையும், ‘பின்’ ஃபோல்டரின் இரண்டு கொன்ஃப் பைல்களையும், லொக் ஃபோல்டரையும், டாஸ்க் மனேஜர் வரியின் ஒரு படத்தையும் இன்றைக்கே ஒரு பென் டிரைவில் எடுத்துவிடுங்கள். கம்பனிக்கு ஃபோன் எடுப்பது அதற்குப் பிறகு.