முதல் காசு எதற்கு: தமிழ்ப் பாட்டு சிடிக்கா, ஜப்பான் கேம் இசை சிடிக்கா?

இசை சிடி சேர்க்கத் தொடங்கும் சேலத்துப் பையன்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பது ஒன்றுதான். "அண்ணா, மாசம் ஆயிரம், ரெண்டாயிரம் ஒதுக்க முடியும். இளையராஜா, ரஹ்மான் பழைய சிடிங்களத் தேடட்டுமா, இல்ல ஜப்பான்ல இருந்து கேம் ஓஎஸ்டி வரவழைக்கட்டுமா?" ஓஎஸ்டி என்றால் கேமில் வரும் இசையின் தொகுப்பு. இரண்டையும் வாங்கு என்று சொல்லிவிடலாம். ஆனால் காசும் அளவு, அலமாரியும் அளவு. பார்க்க இரண்டும் ஒரே பன்னிரண்டு சென்டிமீட்டர் வட்டுதான். உள்ளே இருக்கும் சரக்கு, கிடைக்கும் இடம், விலை, திரும்ப அச்சாகும் வாய்ப்பு எல்லாமே வேறு வேறு. என் முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன்: கேட்கும் நிறைவில் கேம் சிடி ஒரு படி மேல். ஆனாலும் முதல் காசு தமிழ் சிடிக்குத்தான் போக வேண்டும்.

உள்ளே என்ன இருக்கிறது என்பதிலிருந்து தொடங்குவோம். தமிழ்ப் பட சிடி என்றால் பாட்டுகள். ஐந்து, ஆறு பாட்டு, அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் முன்பின். வட்டில் 74 நிமிடம் கொள்ளும் என்பதால் பழைய சிடிகளில் இரண்டு மூன்று படங்களைச் சேர்த்தே போட்டார்கள். அது வாங்குபவனுக்கு லாபம்தான். ஆனால் படம் பார்க்கும்போது நம்மை உலுக்கிய பின்னணி இசை அதில் இருக்காது. நாயகி ரயிலேறிப் போகும்போது வரும் அந்த ஒற்றைப் புல்லாங்குழலைத் தேடி எத்தனை சிடி புரட்டினாலும் கிடைக்காது. நம் ஊரில் பிஜிஎம் தனியாக விற்பனைக்கு வந்ததே அபூர்வம்.

ஒரு காலத்தில் அதற்கு ஒரு குறுக்கு வழி இருந்தது. கதை வசன ரெக்கார்டுகளும் கேசட்டுகளும். 1984-ல் வந்த 'விதி' படத்தின் கதை வசன கேசட் டீக்கடை, கல்யாண வீடு என்று ஒலிக்காத இடமில்லை. வசனத்துக்காகத்தான் மக்கள் வாங்கினார்கள். ஆனால் வசனத்துக்கு அடியில் ஓடிய இசையும் சேர்ந்தே வீட்டுக்கு வந்தது. வானொலி ஒலிச்சித்திரத்திலும் அப்படித்தான். சிடி காலத்தில் அந்த வழக்கம் தேய்ந்து, பாட்டு மட்டும் மிஞ்சியது.

சேலத்துக்காரர்களுக்கு இது இன்னும் கொஞ்சம் வலிக்க வேண்டும். ஏற்காடு போகும் சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் முகப்பு வளைவு இன்னமும் நிற்கிறது. டி.ஆர்.சுந்தரம் 1930-களில் தொடங்கிய அந்த ஸ்டூடியோவிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் வந்தன. ஜி.ராமநாதன் போன்றவர்கள் அங்கே வேலை செய்தார்கள். பாட்டுகள் இசைத்தட்டாக வந்து, பிறகு பழைய பாடல் தொகுப்பு சிடிகளிலும் ஏறின. பின்னணி இசையோ படச்சுருளோடு ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது. தனியாக அதை எடுத்து வைக்க வேண்டும் என்று அன்று யாருக்கும் தோன்றவில்லை.

ஜப்பானில் கதை நேர்மாறு. ஒரு கேம் வந்தால் அதன் மொத்த இசையும் சிடியாக வரும். பல கேம்களுக்கு இப்போதும் வருகிறது. 1997-ல் வந்த 'ஃபைனல் ஃபேன்டஸி 7' ஓஎஸ்டியை எடுத்துக்கொள்ளுங்கள். நோபுவோ உஎமட்சு இசை. நான்கு வட்டுகள், 85 துண்டுகள். சண்டை இசை, ஊர் இசை, கடை இசை, தோற்றுப்போனால் வரும் இசை வரை எல்லாம் வரிசையாக இருக்கிறது. நம் படம் ஒன்றுக்கு இப்படி வந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தாலே ஏக்கமாக இருக்கிறது.

கேம் இசையைக் கேட்கும் முறையும் வேறு. பாட்டுக்குப் பல்லவி, இடையிசை, சரணம், முடிவு என்று ஒரு கட்டு உண்டு. கேம் இசைக்கு முடிவே கிடையாது. ஆடுபவன் அந்த இடத்தை விட்டு நகரும் வரை சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அதனால் சிடியில் பெரும்பாலும் ஒரு மெட்டை இரண்டு சுற்று ஓடவிட்டு, மெதுவாகக் குறைத்து நிறுத்துவார்கள். முதல் சுற்று எங்கே முடிந்து இரண்டாவது எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் தைத்திருப்பதில்தான் இசையமைப்பாளரின் கெட்டிக்காரத்தனம் தெரியும். கருவியின் நெருக்கடியும் அதில் உண்டு. நம்மூரில் டிவி கேம் என்ற பெயரில் நாம் ஆடிய பெட்டிகளின் மூலமான ஃபேமிகாமில் ஒலிக்கு ஐந்தே தடங்கள்; அதில் ஒன்று வெறும் இரைச்சல், இன்னொன்று சின்னச் சின்ன ஒலித்துணுக்குகளுக்கு. மெட்டுக்கு மிச்சம் மூன்றுதான்; அவற்றோடு தாளத்துக்கு அந்த இரைச்சலையும் வைத்துக்கொண்டுதான் கோஜி கோண்டோ 1985-ல் மரியோவுக்கு இசை போட்டார். அடுத்து வந்த சூப்பர் ஃபேமிகாமில் எட்டுத் தடம், ஒலிக்கான நினைவகம் வெறும் 64 கிலோபைட். இன்று வாட்ஸாப்பில் வரும் ஒரு காலை வணக்கப் படம் அதைவிடப் பெரியது. இளையராஜாவின் இடையிசைகளில் வயலினும் கிடாரும் மாறி மாறிப் பேசுவதைக் கவனித்துப் பழகிய காதுக்கு, மூன்று தடத்தில் ஒரு முழு உலகத்தைக் கட்டுவது உடனே பிடித்துப்போகும்.

புக்லெட் விஷயத்தில் போட்டியே இல்லை. ஜப்பான் சிடியில் துண்டு துண்டாக யார் எழுதியது, யார் வாசித்தது, இசையமைப்பாளரின் குறிப்பு என்று பக்கம் பக்கமாக இருக்கும். ஜப்பானிய மொழி தெரியாவிட்டாலும் போனில் படம் பிடித்து மொழிபெயர்த்துப் படிக்கலாம். தமிழ் சிடிகளில் பல ஒற்றைத் தாளோடு முடிந்துவிடும். பாடகர் பெயர் இருக்கும், பாடலாசிரியர் பெயர் சில நேரம் விடுபட்டிருக்கும், வாசித்த கலைஞர்கள் பெயர் சுத்தமாக இருக்காது. ரஹ்மான் தன் ஆல்பங்களில் வாசித்தவர்களின் பெயரை அச்சிடும் பழக்கத்தைக் கொண்டுவந்தபோது அது பெரிய விஷயமாகப் பேசப்பட்டதே இதனால்தான்.

ஒலித் தரத்தில் தராசு கொஞ்சம் திரும்பும். சிடி என்றால் நொடிக்கு 44,100 மாதிரி, 16 பிட். இரண்டுக்கும் இதே கணக்குதான். வித்தியாசம் அதில் ஏற்றிய ஒலிநாடாவிலும் ஏற்றிய கையிலும் இருக்கிறது. நல்ல மூல நாடாவிலிருந்து எடுத்த ஆரம்பகாலத் தமிழ் சிடிகளில் தபேலா அடிக்கும் விரலும் தோலும் தனித்தனியாகக் கேட்கும். பின்னால் வந்த மறுபதிப்புகள் சிலவற்றில் சத்தத்தை ஏற்றி ஏற்றி, மெல்லிய இடமும் உரத்த இடமும் ஒன்றாகிவிட்டது. ஒலியை அலைவடிவில் காட்டும் ஆடாசிட்டி மென்பொருளில் ஒரே பாட்டின் இரண்டு பதிப்பையும் அடுத்தடுத்து திறந்து பாருங்கள். பழையதில் அலை ஏறி இறங்கும். புதியதில் மேலும் கீழும் கத்தரித்த மாதிரி தட்டையாக நிற்கும். ஆன்லைன் செயலிகளில் பெரும்பாலும் நமக்குக் கிடைப்பது அந்தப் புதியது. அதனால் பழைய தமிழ் சிடி என்பது வெறும் நினைவுப் பொருள் அல்ல. அந்த ஒலி வேறெங்கும் கிடைக்காமல் போகலாம்.

விலையும் கிடைக்கும் இடமும். தமிழ் சிடி இங்கேயே இருக்கிறது, தேட வேண்டும், அவ்வளவுதான். பழைய பஸ் ஸ்டாண்டைச் சுற்றிய சந்துகளில் ஒரு காலத்தில் ரெக்கார்டிங் சென்டர்கள் இருந்தன. தாளில் பாட்டு வரிசை எழுதிக் கொடுத்தால் கேசட்டில் பதிந்து தருவார்கள். அவற்றில் பல இன்று மொபைல் ரீசார்ஜ் கடை. உள்ளே போய், "அண்ணா, பழைய ஆடியோ சிடி எதாச்சும் கெடக்குதுங்களா?" என்று கேட்டால், "எம்பித்ரி தான் தம்பி இருக்கும்" என்பார்கள். விடாதீர்கள். எம்பித்ரி அட்டைகளுக்கு அடியில் நல்லதும் கலந்து கிடக்கும். காயலான் கடைகளிலும் வீடு மாற்றுபவர்களிடமும் சிடி கட்டுக்கட்டாகப் போகிறது. ஐம்பது, நூறு ரூபாய்க்குக் கூட வரும். ஆன்லைனில் அரிய பதிப்புக்கு ஆயிரக்கணக்கில் கேட்பார்கள். அதை நான் கடைசியாகத்தான் பார்ப்பேன்.

ஜப்பான் சிடிக்கு அலைச்சல் இல்லை, செலவு உண்டு. ஒரு யென் ஏறக்குறைய ஐம்பது, அறுபது பைசா. மூவாயிரம் யென் விலை போட்ட புது சிடியின் பழைய பிரதி பாதி விலைக்கும் குறைவாகக் கிடைக்கும், அதுவும் முதுகில் சுற்றிய காகிதப் பட்டையோடு, கீறல் இல்லாமல். அங்கே பழைய பொருள் வைத்திருக்கும் சுத்தத்தைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் இடைத்தரகர் கட்டணம், தபால், சுங்க வரி என்று சேர்ந்தால் வட்டின் விலையைத் தாண்டிவிடும். தனியாக ஒன்று வரவழைக்காதீர்கள். நான்கைந்து பேர் சேர்ந்து ஒரே பெட்டியாக எடுப்பதுதான் கட்டுப்படியாகும்.

போலிகள் இரண்டிலும் உண்டு. கேம் சிடியில் தைவான், ஹாங்காங் அச்சு போலிகள் பழைய சங்கதி. பின்னட்டையில் யென் விலையும் ஜாஸ்ராக் (ஜப்பானின் இசை உரிமை அமைப்பு) முத்திரையும் இருக்கிறதா, பட்டியல் எண் விஜிஎம்டிபி என்ற கேம் இசைத் தகவல் தளத்தில் உள்ளதோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். தமிழில் போலி என்றால் பெரும்பாலும் எரித்த வட்டுக்கு கலர் ஜெராக்ஸ் அட்டை. அடிப்பக்கம் பச்சையோ நீலமோ அடித்தால் அது வீட்டில் எரித்தது. அச்சு வட்டு வெள்ளையாக மின்னும்.

ஆயுசு பற்றிச் சொல்லும்போது நம் ஊர் வெள்ளிப் பட்டறைப் பாடமே போதும். 1988 முதல் 1993 வரை இங்கிலாந்தில் பிடிஓ ஆலையில் அச்சான சிடிகளில் பல ஓரத்திலிருந்து பழுப்பேறிக் கெட்டுப்போயின. அலுமினியத்துக்குப் பதில் வெள்ளி பூசியிருந்தார்கள். அதன் மேல் பூசிய மெருகு, அட்டைக் காகிதத்திலிருந்த கந்தகத்தைத் தடுக்கவில்லை. செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறையில் யாரைக் கேட்டாலும் வெள்ளி ஏன் கறுக்கிறது என்று சொல்வார்கள். வட்டுக்கும் நடந்தது அதுதான். உள் வளையத்தில் மேட் இன் யு.கே. பை பிடிஓ என்று இருந்தால், வாங்கிய அன்றே கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுங்கள்.

ஏற்காட்டில் எஸ்டேட் வீட்டில் இருக்கும் நண்பர் ஒருவருக்கு வேறு தொல்லை. மழைக்காலப் பனிமூட்டத்தில் வட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. வழவழப்பான புக்லெட் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. பிரித்தால் எழுத்து உரிந்து வருகிறது. அவர் இப்போது புக்லெட்டைத் தனியாக எடுத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் வைக்கிறார். இதில் அதிகம் அடிவாங்குவது ஜப்பான் சிடிதான், புக்லெட் தடிமன் என்பதால். இரண்டுக்கு மேல் வட்டு உள்ள பழைய தடித்த டப்பாக்களில் பஞ்சுத் தாள் ஒன்று வைத்திருப்பார்கள். அது நாளாக நாளாக உருகி வட்டில் ஒட்டும். பார்த்தவுடன் எடுத்து எறியுங்கள். சேலம் வெயிலுக்கு ஒரே விதி: காரில் விட்டுவிட்டுப் போகக் கூடாது.

மற்ற வழிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஹாலிவுட் பின்னணி இசைக்கு இன்ட்ராடா, லா-லா லேண்ட் போன்றவர்கள் குறைந்த பிரதிகளில் முழு இசையும் போடுகிறார்கள். அருமையான வேலை, ஆனால் தபால் செலவோடு நம் பட்ஜெட்டைத் தின்றுவிடும். கேம் வட்டே இசை வட்டாக இருப்பதும் உண்டு. 1996-ல் வந்த 'குவேக்' வட்டை சிடி பிளேயரில் போட்டு இரண்டாவது தடத்திலிருந்து ஓடவிட்டால் ட்ரென்ட் ரெஸ்னரின் இசை கேட்கும். பிரவுசிங் சென்டரில் அளவு குறைத்த காப்பியை ஆடியவர்களுக்கு இப்படி இசை இருப்பதே தெரிந்திருக்காது, ஏனென்றால் அந்தக் காப்பிகளில் முதலில் வெட்டியது இசையைத்தான். ஆன்லைன் செயலி அன்றாடம் கேட்க நல்லது. ஆனால் உரிமம் முடிந்தால் ஆல்பம் காணாமல் போகும், அதை நம்பி அலமாரியைக் காலி செய்யாதீர்கள். எம்பித்ரி வட்டுகளைச் சேமிப்பில் சேர்க்கவே வேண்டாம்.

இப்போது அந்த முதல் கேள்வி. 'ஃபைனல் ஃபேன்டஸி 7' ஓஎஸ்டியை முதலில் வெளியிட்ட டிஜிக்யூப் 2003-ல் திவாலானது. அடுத்த வருடமே ஸ்கொயர் எனிக்ஸ் அதை மறுபடி அச்சிட்டது. அந்த இசைக்குப் பின்னால் அதைக் காக்கும் நிறுவனம் இருக்கிறது, பட்டியல் போடும் ரசிகர்கள் இருக்கிறார்கள், எல்லாப் பதிப்பும் பதிவாகியிருக்கிறது. 1980-களின் தமிழ் சிடிக்கு அப்படி யாரும் இல்லை. வெளியிட்ட கம்பெனிகள் பல மூடிவிட்டன, இளையராஜா பாடல்களின் உரிமை வழக்குகள் வருடக்கணக்கில் நடந்தன, அந்தப் பழைய ஒலியோடு மறுபதிப்பு என்ற பேச்சே இல்லை. இன்று காயலான் கடைக்குப் போகும் மூட்டையில் இருப்பது அந்தப் பதிப்பின் கடைசிப் பிரதிகளில் ஒன்றாக இருக்கலாம்.

அதனால் என் கணக்கு மூன்று தமிழ் சிடிக்கு ஒரு கேம் சிடி. தமிழில் படப்பெயரைப் பார்ப்பதற்கு முன் பதிப்பைப் பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்ற மென்பொருளில் தரம் குறையாத ஃபிளாக் கோப்பாக எடுத்து, அட்டையை இருபக்கமும் ஸ்கேன் செய்துவிடுங்கள். கேம் சிடியில் முதல் அச்சுதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். 'ஃபைனல் ஃபேன்டஸி 7' மறுபதிப்பிலும் அதே நான்கு வட்டு, அதே 85 துண்டுதான். முதல் அச்சுக்குக் கூடுதலாகக் கேட்கும் காசில் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இன்னும் நாலு தமிழ் சிடி வாங்கிவிடலாம்.